புடைப்பு பெருவிரலில், வலி உள்ளங்காலில்: ஏன்?

கேள்வி: எனக்கு வயது 52. வலது காலில் பெருவிரல் அடியில் எலும்பு புடைத்து, விரல் பக்கத்து விரல் மேல் சாய்ந்துவிட்டது. ஆனால் டாக்டர், வலி புடைப்பில் இல்லை, இரண்டாவது விரலுக்கு நேர் கீழே உள்ளங்காலில்தான். கூழாங்கல்லை மிதித்த மாதிரி இருக்கிறது, அந்த இடத்தில் காய்ப்பு வேறு. நுண்துளை ஆபரேஷன் செய்தால் அன்றே நடக்கலாம் என்கிறார்களே, செய்துகொள்ளலாமா?

பதில்: வலி இருக்கும் இடத்தைச் சரியாகச் சொன்னீர்கள், பாதி விடை அதிலேயே இருக்கிறது. நடக்கும்போது குதிகால் தரையை விட்டு எழும் நேரத்தில் உடம்பின் பாரத்தில் பெரும்பங்கைப் பெருவிரலும் அதன் பின்னால் உள்ள நீள எலும்பும்தான் தாங்க வேண்டும். அந்த எலும்பு உள்பக்கமாக விலகி, விரல் வெளிப்பக்கமாகச் சாய்ந்துவிட்டால் (இதைத்தான் ஹாலக்ஸ் வால்கஸ் என்கிறோம்) அது தன் பங்கைத் தாங்காது, பாரம் இரண்டாவது, மூன்றாவது விரல்களுக்குப் பின்னால் உள்ள நீள எலும்புகளின் தலையில், அதாவது விரலை ஒட்டிய முனையில், போய் விழும். காய்ப்பு அதற்கான சாட்சி. அதைச் சீவிச் சீவி எடுத்தாலும் பாரம் குறையாதவரை திரும்ப வரும்.

நுண்துளை என்றதும் சின்ன வேலை என்று நினைத்துவிடாதீர்கள். தோலில்தான் சில மில்லிமீட்டர் துளை. உள்ளே எலும்பை வெட்டி நகர்த்துவது, தோலைத் திறந்து செய்யும் பழைய முறையைப் போலத்தான். மெதுவாகச் சுழலும் ஒரு மெல்லிய துருவியை உள்ளே விட்டு, எக்ஸ்ரே திரையைப் பார்த்துக்கொண்டே வெட்டுவார்கள், துருவி சூடாகித் தோலையும் எலும்பையும் சுட்டுவிடாமல் இருக்க உப்புநீர் விட்டுக்கொண்டே இருப்பார்கள். பெருவிரல் பக்கத்து எலும்பை நகர்த்தி ஸ்க்ரூ போடுவது வழக்கம். பக்கத்து எலும்புகளையும் வெட்ட வேண்டியிருந்தால் அவற்றுக்குப் பெரும்பாலும் ஸ்க்ரூ கிடையாது, நீங்கள் ஊன்றி நடக்க நடக்க அவை தமக்குரிய உயரத்தில் போய் அமரும். அன்றே நடக்கலாம் என்று சொல்வதில் இதுவும் ஒரு காரணம். ஆனால் அது கெட்டியான அடிப்பாகம் உள்ள தனிச் செருப்போடு, ஏறத்தாழ 6 வாரம் நடக்கும் நடை. வீக்கம் சில மாதம் இழுக்கும், வலது கால் என்பதால் கார் ஓட்டுவதையும் தள்ளிப்போட வேண்டும்.

நல்லது என்னவென்றால் தழும்பு சின்னது, ஆரம்ப நாட்களில் வலியும் பலருக்குக் குறைவு. மற்றபடி விரல் மறுபடி சாய்வது, எலும்பு சரியாகக் கூடாதது, நரம்பு பட்டு விரல் மரத்துப்போவது எல்லாம் இதிலும் உண்டு. பெருவிரல் எலும்பு வெட்டியதில் அதிகம் குட்டையாகிவிட்டால் பாரம் இன்னும் பக்கத்து எலும்புக்கே போகும், அதாவது எந்த வலிக்காகப் போனீர்களோ அதுவே கூடும். அதனால் "துளையா, திறந்தா" என்று கேட்பதைவிட, "எந்தெந்த எலும்பை வெட்டப் போகிறீர்கள், ஏன்?" என்று கேளுங்கள். நின்றபடி எடுத்த எக்ஸ்ரே இல்லாமல் யாராவது பதில் சொன்னால் வேறு டாக்டரைப் பாருங்கள், படுத்து எடுத்த படத்தில் பாரம் தெரியாது.

ஆபரேஷனை யோசிக்கும் முன், முன்பக்கம் அகலமான, குதி உயராத செருப்பு, கெண்டைக்கால் தசையை நீட்டும் பயிற்சி, உள்ளங்கால் பேட், இவற்றைச் சில மாதம் பாருங்கள். பேடை வலிக்கும் இடத்துக்கு நேர் கீழே வைக்காதீர்கள்! அதற்குச் சற்றுப் பின்னால், குதிகால் பக்கமாகத் தள்ளி வைத்தால்தான் எலும்பின் தலை தூக்கப்படும். சர்க்கரை நோய் இருந்தால் காலின் ரத்த ஓட்டத்தையும் உணர்ச்சியையும் சோதித்த பிறகுதான் ஆபரேஷன் பேச்சே. புகைப்பவர்களுக்கு எலும்பு கூடுவது தாமதமாகும்.

கேள்வி: மகளுக்கு 23 வயது. வலி எதுவும் இல்லை, புடைப்பு பார்க்க நன்றாக இல்லை என்கிறாள். இப்போதே ஆபரேஷன் செய்துவிடலாமா?

பதில்: வேண்டாம். வலிக்காத காலை அழகுக்காக வெட்டி, அப்புறம் வலிக்கிறது என்று வருபவர்களைச் சமாதானம் செய்வதுதான் எங்களுக்குக் கஷ்டம். விரலிடுக்கில் வைக்கும் சிலிக்கான் துண்டு உரசலைக் குறைக்கும், சாய்ந்த விரலை நிரந்தரமாக நிமிர்த்தாது. கூர்முனை ஷூவை அவர் விடட்டும். வலி வந்தாலோ, இரண்டாவது விரல் மடங்க ஆரம்பித்தாலோ அப்போது வாருங்கள்.