லட்சியம் என்ற கட்டம்

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் 1991இல் பத்தாம் வகுப்பு முடித்த செட். போன வருடம் ஒருவன் எல்லோருடைய நம்பரையும் தேடிப்பிடித்து வாட்ஸப் குழு ஆரம்பித்தான், இப்போது 47 பேர் இருக்கிறோம். சமீபத்தில் பரணை ஒதுக்கும்போது என் பழைய ஆட்டோகிராஃப் நோட்டு கிடைத்தது. பெயர், பொழுதுபோக்கு, எந்த மன்றம், எதிர்கால லட்சியம் என்று நானே ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டது. ஒவ்வொரு பக்கமாக போட்டோ எடுத்துக் குழுவில் போட்டேன். எல்லோரும் ரசித்தார்கள். ஒரு நண்பன் 'ஐ.ஏ.எஸ்.' என்று எழுதியிருந்தான். அவன் இப்போது ஏ.டி.எம். வாசலில் செக்யூரிட்டி. அவன் பக்கத்துக்குக் கீழே 'கலெக்டர் சார் வணக்கம்' என்று ஆரம்பித்து முப்பது நாற்பது சிரிப்பு பொம்மைகள் விழுந்தன. அன்று ராத்திரியே குழுவிலிருந்து வெளியேறிவிட்டான், போனையும் எடுக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் அவன்தான் அறிவியல் கண்காட்சிக்கு மின்சார மணி செய்து பரிசு வாங்கியவன். மே மாதம் எல்லோரும் சந்திக்கப் போகிறோம். நான் செய்தது தப்பா? அந்த லட்சியங்களில் ஒன்றுகூட ஏன் பலிக்கவில்லை? உங்கள் வகுப்பிலும் இப்படித்தானா?

ஆர். (பெயர் வேண்டாம்)

---

அன்புள்ள ஆர்.,

தப்புதான். கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்பது கடிதத்திலேயே தெரிகிறது, ஆனாலும் தப்புதான். ஒருவன் பதினைந்து வயதில் உங்கள் ஒருவருக்கு மட்டும் என்று எழுதிக் கொடுத்ததை ஐம்பது வயதில் 47 பேருக்கு நடுவே விரித்துப் போட்டிருக்கிறீர்கள். 'கலெக்டர் சார் வணக்கம்' என்று எழுதியவரை நேரில் பார்த்தால் நானும் நாலு வார்த்தை கேட்பேன், அது வேறு விஷயம்.

அந்த லட்சியக் கட்டத்தை நீங்கள் பத்திரப் பதிவு மாதிரி எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அதற்கு அவ்வளவு மதிப்பு கிடையாது. நான் 1987இல் பத்தாவது முடித்தேன், தென்காசிப் பக்கம் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளி, வகுப்பில் 52 பேர். நான் கையெழுத்துப் போட்ட நோட்டுகளில் மூன்றை, அந்தந்த நண்பர்கள் தயவில், பிற்பாடு பார்க்கக் கிடைத்தது. ஒன்றில் டாக்டர் என்று எழுதியிருக்கிறேன். இன்னொன்றில் விமானி. மூன்றாவதில், நோட்டுக்காரனின் அப்பா போலீஸ் ஏட்டு என்பதால், சப்-இன்ஸ்பெக்டர். அப்போது வகுப்பிலேயே நான்தான் குள்ளம், பிரேயரில் முதல் ஆளாக நிற்பவன். இந்த மூன்றும் ஒரே வாரத்தில் எழுதியவை.

எங்களுக்குத் தெரிந்த லட்சியங்கள் மொத்தமே நாலைந்துதான். டாக்டர், கலெக்டர், வாத்தியார், போலீஸ். இன்ஜினீயர் அப்போதுதான் பட்டியலில் சேர்ந்திருந்தது, 1984இல் தனியார் சுயநிதிக் கல்லூரிகளுக்கு அனுமதி கொடுத்த பிறகு ஊரில் யாராவது ஒருவர் நிலத்தை விற்றுப் பையனைச் சேர்த்த கதை டீக்கடையில் ஓடிக்கொண்டிருந்தது. வகுப்பில் பாதிப் பேர் கடைசியில் போய்ச் சேர்ந்த இடம் ஐ.டி.ஐ. ஃபிட்டர், வெல்டர், வயர்மேன், அங்கிருந்து திருப்பூர், பம்பாய், துபாய். ஆனால் 'ஃபிட்டர் ஆக வேண்டும்' என்று ஒரு நோட்டில்கூட ஒருவனும் எழுதவில்லை. எழுதினால் வாத்தியார் என்ன நினைப்பார்? ஏனென்றால் எங்கள் நோட்டுகள் எல்லாம் வகுப்பாசிரியர் மேஜை வழியாகத்தான் போய்வந்தன. பையன்கள் நோட்டு பெண்கள் பக்கம் போக வேண்டுமென்றால் சார் ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவார். அதனால் அது லட்சியம் எழுதுகிற கட்டம் இல்லை ஆர்., சாருக்கு நல்ல பிள்ளையாகத் தெரிகிற கட்டம்.

அதை மதிக்காமல் எழுதியவன் ஒரே ஒருவன். அவனுக்கு பஸ் பைத்தியம். கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகத்தின் எந்த வண்டி எத்தனை மணிக்கு எங்கள் ஊரைத் தாண்டும், எந்த டிரைவர் வளைவில் எப்படி ஹாரன் அடிப்பார் என்பதெல்லாம் மனப்பாடம். வரலாறு பீரியடில் வெளியே சத்தம் கேட்டால் தலையைத் திருப்பாமலே 'பாபநாசம் வண்டி, இன்னைக்கு ஏழு நிமிஷம் லேட்டு' என்பான். பழைய டிக்கெட்டுகளை விலைவாரியாகப் பிரித்து ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தான். லட்சியம் என்ற இடத்தில் 'கண்டக்டர்' என்று எழுதினான். சார் கூப்பிட்டு, 'நல்லதா ஏதாவது எழுதுலே' என்றார். ரொம்ப நேரம் யோசித்துவிட்டுப் பக்கத்திலேயே 'அல்லது டிரைவர்' என்று சேர்த்துக் கொடுத்தான்.

அவன் கண்டக்டர் ஆகிவிட்டான். 1998இல் வேலை கிடைத்தது. அதற்கு முந்தைய வருடம்தான் போக்குவரத்துக் கழகங்களுக்கு இருந்த தலைவர்கள் பெயர்களை எல்லாம் அரசு எடுத்துவிட்டிருந்தது, 'கட்டபொம்மன்னு எழுதுன வண்டியில ஒரு நாள்கூட ஏற முடியலடே' என்று இன்றைக்கும் குறைப்படுவான். ஒன்றுகூடப் பலிக்கவில்லையே என்று நீங்கள் கேட்கும் கணக்கில் இவன் எங்கே வருவான்? எங்கள் ஒன்றுகூடலில் 'லட்சியத்தை அடைந்தவர்கள்' என்று ஒருவர் மேடையில் பெயர் வாசித்தபோது இவன் பெயரை வாசிக்கவில்லை. நானும் அன்று சும்மாதான் உட்கார்ந்திருந்தேன்.

பொழுதுபோக்குக் கட்டத்தில் இவ்வளவு பொய் கிடையாது. அதை யாரும் திருத்தச் சொன்னதில்லை. தபால்தலை என்று எழுதியவர்களில் பாதிப் பேர் சும்மா எழுதினார்கள், அதை விடுங்கள். ஆனால் எங்கள் வகுப்பில் ஒருவன் நிஜமாகவே சிற்றலை ரேடியோ கேட்பவன். ராத்திரி தென்னை மரத்துக்கும் மாடிக் கம்பிக்கும் செம்புக் கம்பியை இழுத்துக் கட்டி, முள்ளை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி, பெய்ஜிங் வானொலியின் தமிழ் ஒலிபரப்பைப் பிடிப்பான். சீனர்கள் தமிழ்ப் பெயர் வைத்துக்கொண்டு தமிழ்ச் செய்தி வாசிப்பதை அவன் வீட்டுத் திண்ணையில்தான் நான் முதலில் கேட்டேன். கேட்டதோடு விடமாட்டான், எந்த அலைவரிசை, எத்தனை மணி, எவ்வளவு தெளிவு என்று அறிக்கை எழுதி அனுப்புவான். அதற்கு 'சின்போ' என்று ஒரு கணக்கு உண்டு: ஒலியின் பலம், வேறு நிலையத்தின் குறுக்கீடு, இரைச்சல், அலை மங்குவது, மொத்தத் தரம், ஐந்துக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண். ஒரு நாள் கணக்குப் பரீட்சைத் தாள் கொடுத்தார்கள். அவனுக்கு 23 மார்க். தாளின் ஓரத்தில் '54444' என்று எழுதி வைத்திருந்தான். சாருக்கு அது என்ன கணக்கு என்று கடைசிவரை புரியவில்லை.

இன்றைக்கு செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். அவன் அறிக்கைகளை உறுதிப்படுத்தி நிலையங்கள் அனுப்பிய கியூ.எஸ்.எல். அட்டைகள் ஒரு பிஸ்கட் டின்னில் அப்படியே இருக்கின்றன, மேலே பழைய துணி போட்டு மூடியிருக்கிறான். 2017இல் பி.பி.சி. தமிழோசை வானொலி நின்ற அன்று எனக்கு போன் செய்து ஐந்து நிமிடம் பேசினான், அதில் மூன்று நிமிடம் பேச்சே இல்லை. இப்போது ராத்திரி முள்ளை நகர்த்தினால் சார்ஜர்களும் எல்.இ.டி. விளக்குகளும் போடுகிற இரைச்சல்தான் வருகிறதாம். பகலெல்லாம் அதே சார்ஜர்களைத்தான் விற்கிறான்.

இன்னொருவன் வர்ணனைக்காரன். ரேடியோவில் தமிழில் கிரிக்கெட் வர்ணனை செய்த சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் எங்கள் பக்கத்துக்காரர் என்ற பெருமையில் அவர் குரலை எடுத்துக்கொண்டவன். 1986 செப்டம்பர் 22, திங்கட்கிழமை, சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவுடன் டெஸ்டின் கடைசி நாள், 348 எடுத்தால் வெற்றி. பள்ளிக்கூடம் விட்டதும் டீக்கடை பெஞ்சில் ஏறி நின்றுகொண்டான், ஒற்றைக் காதில் இயர்போன், எங்கள் இருபது பேருக்கும் அவன் வாய்தான் ரேடியோ. காதில் வருவதை ஜப்பார் குரலில் தமிழாக்கிச் சொல்லிக்கொண்டே வந்தவன், 347இல் கடைசி விக்கெட்டாக மணிந்தர் சிங் எல்.பி.டபிள்யூ. ஆனபோது வாயை மூடிக்கொண்டான். ஒரு பந்து மிச்சம். நாங்கள் 'ஜெயிச்சாச்சா, தோத்தாச்சாலே?' என்று காலைப் பிடித்து உலுக்குகிறோம், 'ரெண்டும் இல்லையாம்ல' என்று அவன் சொந்தக் குரலில் சொன்னான். இரண்டு அணிக்கும் ரன் சமம், ஆட்டம் டை. அவன் சொந்தக் குரலைக் கேட்டே பல மாதம் ஆகியிருந்தது. நோட்டில் அவன் எழுதிய லட்சியம் டாக்டர். இப்போது பாவூர்சத்திரம் பக்கம் காய்கறிச் சந்தையில் ஏலம் கூவுகிறான், வெண்டைக்காய் மூட்டைக்குக்கூட கடைசி ஓவர் பதற்றத்தைக் கொண்டுவந்துவிடுவான்.

உங்கள் நோட்டில் மன்றத்துக்கும் ஒரு கட்டம் உண்டே, அதையும் சொல்லிவிடுகிறேன். இலக்கிய மன்றம் வெள்ளிக்கிழமை கடைசி பீரியட், பெரும்பாலும் தூக்கம். என்.சி.சி.யில் நான் சேர்ந்தது பரேடு முடிந்து கொடுக்கிற பூரிக்காக, இதை ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கமில்லை.

ஆனால் ஒரு பக்கத்தை மட்டும் யார் கேட்டாலும் போட்டோ எடுத்து அனுப்பமாட்டேன். எங்கள் வகுப்பில் கணக்கில் முதல் ஆள் ஒரு பெண். வீட்டில் எல்லோரும் பீடி சுற்றுபவர்கள், அவளும்தான். காலையில் ஒரு கட்டு, சாயங்காலம் போய் மிச்சம். கரும்பலகையில் கணக்குப் போட்டுவிட்டு இடத்துக்குத் திரும்பும்போது சாக்பீஸ் வாசனையோடு புகையிலை வாசனையும் வரும். பொழுதுபோக்கு என்ற இடத்தில் 'கணக்கு' என்று எழுதியிருந்தாள், விளையாட்டாக அல்ல. லட்சியம் என்ற இடத்தில் அழகான கையெழுத்தில், 'அப்பாவிடம் கேட்டுச் சொல்கிறேன்.'

அன்று நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். உங்கள் குழுவின் சிரிப்பு பொம்மைகளுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. எங்களுடையது உயர்நிலைப் பள்ளி, பத்தோடு சரி, பதினொன்றாவது படிக்க வேண்டுமென்றால் 11 கிலோமீட்டர் போக வேண்டும், அதற்கு இரண்டே பஸ். அந்த வருடம் பாஸான பெண்களில் மேலே படிக்கப் போனது மூன்று பேர், அவள் அதில் இல்லை. நாலு வருடம் முன்பு ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் பார்த்தேன். தெருப் பெண்கள் எல்லோருடைய பீடிக் கணக்கையும் அவள்தான் பார்க்கிறாளாம், இலை எவ்வளவு கொடுத்தார்கள், கழிவு என்று எத்தனையைத் தள்ளினார்கள் என்று அவள் நோட்டைத் திறந்தால் பீடிக்கடையில் மறுபேச்சு இல்லையாம். நான் ஒரு அசட்டுத் தைரியத்தில் நோட்டில் எழுதியதை ஞாபகப்படுத்தினேன். அவள் சிரித்தாள். 'அப்பா போயி பத்து வருஷமாச்சு. நான் கேக்கவே இல்ல' என்று சொல்லிவிட்டு, என் இலையில் அப்பளம் இல்லை என்று பரிமாறுகிறவரைக் கூப்பிட்டாள்.

சரி, உங்கள் நண்பர் விஷயம். போன் செய்யாதீர்கள், எடுக்கமாட்டார். குழுவில் 'மன்னிச்சுக்கோ மச்சி' என்று போடவும் வேண்டாம், அவர்தான் அதில் இல்லையே, பார்க்கப்போவது சிரித்தவர்கள் மட்டும்தான். அந்தப் படங்களை முதலில் அழியுங்கள். அப்புறம் அவர் டியூட்டி எந்த ஏ.டி.எம்.மில், எத்தனை மணிக்கு என்று விசாரித்து, கூட்டம் இல்லாத ராத்திரி நேரமாகத் தனியாகப் போங்கள். சந்திப்புக்கு வா என்ற பேச்சை அன்றைக்கு எடுக்க வேண்டாம். ஐ.ஏ.எஸ். என்று எழுதியதைப் பற்றியும் வேண்டாம்.

மணியைப் பற்றிக் கேளுங்கள். ஆணியில் எனாமல் கம்பியை எத்தனை சுற்று சுற்றினார், தகடு எந்த டப்பாவின் மூடி, காந்தம் தகட்டை இழுத்ததும் இணைப்பு விட்டுப்போய் மறுபடி ஒட்ட வேண்டுமே, அந்த இடைவெளியைச் சரிசெய்ய எத்தனை நாள் ஆனது. நீங்கள் அந்த வகுப்பிலேயே இருந்தும் இதில் ஒன்றுகூட உங்களுக்குத் தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன். எனக்கும் தெரிந்துகொள்ள ஆசை. அவர் சொன்னால், அவர் சம்மதித்தால் மட்டும், எழுதுங்கள்.

அன்புடன்.