தாலி கட்டிய தேதியை மாற்றாதீர்கள் அம்மா

கடற்படையில் பெட்டி ஆபீசராக இருந்து ஓய்வு பெற்று, நான்கு வருடத்துக்கு முன் காலமான ஒருவரின் மனைவி எழுதியிருக்கிறார். ஊர் தென் மாவட்டம், கடிதம் ஆறு பக்கம், சுருக்கிச் சொல்கிறேன்.

மூத்த மகளுக்கு 2025 செப்டம்பர் 4 அன்று கல்யாணம் நடந்தது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தது நவம்பர் 24. டிசம்பரில் ஒரு கணினி மையத்துக்குப் போய், கேந்திரிய சைனிக் போர்டு (முன்னாள் படைவீரர் நலனுக்கான மத்திய வாரியம்) தரும் திருமண உதவித்தொகைக்கு ஆன்லைனில் விண்ணப்பித்திருக்கிறார். பதிவேற்றியவர் 'திருமண தேதி' என்ற இடத்தில் நவம்பர் 24 என்று போட்டுவிட்டார். அம்மா படித்துப் பார்க்கவில்லை, ஓடிபி கேட்டதும் சொல்லிவிட்டார். இப்போது மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது: பதிவுச் சான்றில் திருமணம் செப்டம்பர் 4 என்று இருக்கிறதே, 15 நாளில் விளக்கம் கொடுங்கள், அசல் அழைப்பிதழையும் கொண்டுவாருங்கள். கணினி மையத்துக்காரர், "நவம்பர் 24 போட்டு இன்னொரு பத்திரிகை அடித்துக் கொடுத்துவிடுங்கள், ஒரு லட்சம் வரும்" என்கிறாராம். அம்மாவின் கேள்வி இரண்டு. பத்திரிகை அடிக்கலாமா? அல்லது, என்னைத் திருடி மாதிரி நடத்தும் இந்த அலுவலகத்தின் மேல் மதுரை உயர் நீதிமன்றக் கிளையில் ரிட் மனு போடலாமா?

அம்மா, இரண்டும் வேண்டாம்.

எழுத்தர் நாலு தடவை அலைய விட்டது, கொழுந்தனார் கல்யாணத்துக்கே வராதது, பக்கத்துத் தெருவில் ராணுவக்காரர் மனைவிக்கு மட்டும் சீக்கிரம் பணம் வந்தது, இதெல்லாம் உங்கள் மனசில் எவ்வளவு கனமாக இருக்கிறது என்று தெரிகிறது. ஆனால் இதில் ஒன்றுகூட உங்கள் வழக்கில் ஒரு வரிக்கும் உதவாது. சட்டத்துக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: தாலி ஏறிய நாள் எது? செப்டம்பர் 4. அதற்குச் சாட்சியாகப் பதிவுச் சான்றிதழே அவர்கள் கோப்பில் இருக்கிறது.

அந்தத் தேதிக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்றால், 2025 அக்டோபரில் பாதுகாப்பு அமைச்சர் இந்த உதவித்தொகைகளை இரண்டு மடங்காக்க ஒப்புதல் கொடுத்தார். மகள் திருமணத்துக்கு 50,000 ரூபாயாக இருந்தது 1,00,000 ஆனது. நவம்பர் 1 முதல் வரும் விண்ணப்பங்களுக்குப் புது வீதம் என்ற செய்தி எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் சுற்றியது. திருமண உதவிக்கு மட்டும் கூடுதலாக ஒரு நிபந்தனை உண்டு, ஆணை வந்த பிறகு நடந்த கல்யாணமாக இருக்கவேண்டும். கணினி மையத்துக்காரர் முதல் பாதியை மட்டும் தெரிந்துவைத்திருக்கிறார். உங்கள் மகள் கல்யாணம் ஆணைக்கு முந்தியது, ஆகவே உங்களுக்கு வரவேண்டியது பழைய 50,000. நீங்கள் டிசம்பரில் விண்ணப்பித்தீர்கள் என்பதற்காக அது ஒரு லட்சமாக உயராது.

இந்தப் பணம் எந்தக் கணக்கிலிருந்து வருகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், ரிட் போடலாமா என்ற கேள்விக்குப் பதில் அதில்தான் இருக்கிறது. ஓய்வூதியம் உரிமை. அது யாரும் இரக்கப்பட்டுப் போடும் காசு இல்லை என்று ஓய்வூதியம் பற்றிய நகரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1982 டிசம்பர் 17 அன்றே சொல்லிவிட்டது. உங்கள் குடும்ப ஓய்வூதியத்தில் யாராவது கை வைத்தால் சென்னையிலேயே ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கிறது, தாராளமாகப் போகலாம், நானே வருவேன். திருமண உதவி அப்படி இல்லை. 1949-இலிருந்து டிசம்பர் 7 அன்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சட்டையில் கொடி குத்திக்கொண்டு உண்டியலில் போடுகிறார்களே, அந்தக் கொடிநாள் நிதியோடு சேர்ந்தது இது. தகுதி, ஆவணம், பரிந்துரை எல்லாம் பார்த்துக் கொடுப்பது. நீதிமன்றத்துக்குப் போய் நன்றாக வாதாடினால்கூட, "மனுவைப் பரிசீலித்து முடிவெடுங்கள்" என்ற ஒரு வரி உத்தரவுதான் கிடைக்கும். அதுவும் சுத்தமான கையோடு போனால். உங்கள் விண்ணப்பத்திலேயே தேதி தப்பாக இருக்கும்போது, அரசு வழக்கறிஞர் அந்த ஒரு தாளை நீதிபதியிடம் நீட்டினால் போதும், மேற்கொண்டு பேச எனக்கும் ஒன்றும் இருக்காது.

இப்போது எனக்குப் பயமாக இருக்கும் விஷயத்துக்கு வருகிறேன். அந்த இரண்டாவது பத்திரிகை.

இன்றைய தேதியில் உங்கள் மேல் இருப்பது ஒரு பிழை. பதிவுத் தேதியும் கல்யாணத் தேதியும் குழம்புவது சகஜம், எத்தனையோ விண்ணப்பத்தில் பார்த்திருக்கிறேன், திருத்தினால் தீர்ந்துவிடும். நவம்பர் 24 என்று ஒரு பத்திரிகை அடித்து அதை அலுவலகத்தில் கொடுத்த நிமிடம் அது பிழையாக இருக்காது, பொய் ஆவணம் ஆகிவிடும். பழைய சட்டத்தில் 420 என்று சொல்வோமே, அது 2024 ஜூலை 1 முதல் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 318(4). ஏமாற்றுவதற்காகப் பொய் ஆவணம் தயாரித்தால் 336(3), அதை உண்மை என்று சொல்லிக் கொடுத்தால் 340(2). 318(4)-க்கும் 336(3)-க்கும் தனித்தனியே ஏழு வருடம் வரை சிறைத் தண்டனை உண்டு. 50,000 ரூபாய் அதிகம் கிடைக்கும் என்பதற்காக!

என்னிடம் வந்த ஒரு அம்மாவுக்கு இதே மாதிரிதான் ஆயிற்று. அங்கே தேதியை மாற்றியதற்குக் காரணம் வேறு, 180 நாள் கெடு தாண்டிவிட்டது. கல்யாணம் ஆன நாளிலிருந்து 180 நாளுக்குள் விண்ணப்பிக்கவேண்டும் என்று தெரியாமல் இருந்துவிட்டு, யாரோ சொன்னார்கள் என்று புதுசாகப் பத்திரிகை அடித்தார்கள். அலுவலகத்தில் ஒருவர் மண்டபத்துக்கு போன் போட்டு, அந்தத் தேதியில் அங்கே யார் கல்யாணம் என்று கேட்டார். முடிந்தது கதை. புகார் போனது, விசாரணைக்கு அந்த அம்மாவை மட்டுமா கூப்பிட்டார்கள்? மாப்பிள்ளையையும் கூப்பிட்டார்கள், பத்திரிகையில் அவர் பெயரும்தானே இருக்கிறது. அந்தப் பையன் வெளிநாட்டு வேலைக்குப் போக இருந்த நேரம். சம்பந்தி வீட்டில் பேச்சுவார்த்தை அறுந்தது. பணத்தைத் திருப்பிக் கட்டியும் ஸ்டேஷனுக்கு நடப்பது நிற்கவில்லை, ஏனென்றால் பணத்தைக் கட்டிவிட்டால் குற்றம் நடக்கவில்லை என்று ஆகிவிடாது. அந்த அம்மா என் அலுவலகத்தில் உட்கார்ந்து அழுததை நான் மறக்கவில்லை, அதனால்தான் உங்களிடம் இவ்வளவு கடுமையாகச் சொல்கிறேன்.

"நான் எதுவும் தட்டச்சு செய்யவில்லை, அவன்தான் போட்டான்" என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். நம்புகிறேன். ஆனால் ஓடிபி உங்கள் போனுக்கு வந்தது, நீங்கள் சொன்னீர்கள், கீழே உறுதிமொழியில் இருப்பது உங்கள் பெயர். யார் விரல் தட்டியது என்று யாரும் கேட்கப்போவதில்லை. அதனால் விளக்கக் கடிதத்தில் அந்த ஆளைத் திட்டி இரண்டு பக்கம் எழுதாதீர்கள். எழுத்தரைப் பற்றியும் ஒரு சொல் வேண்டாம். நாலே வரி போதும்: என் மகள் திருமணம் நடந்தது 4.9.2025, பதிவு செய்தது 24.11.2025, விண்ணப்பத்தில் பதிவுத் தேதி திருமண தேதியாகத் தவறுதலாக இடம்பெற்றுவிட்டது, சரியான தேதியின்படி எனக்குப் பொருந்தும் தொகைக்கு விண்ணப்பத்தைப் பரிசீலிக்க வேண்டுகிறேன். உண்மையான பத்திரிகையையும் பதிவுச் சான்று நகலையும் இணையுங்கள். நேரில் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள், கேட்ட 15 நாள் முடியக் காத்திருக்காமல் இந்த வாரமே. அவர்கள் முடிவெடுப்பதற்கு முன் நீங்களாகச் சொல்வதற்கும், பிடிபட்ட பிறகு ஒப்புக்கொள்வதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. செப்டம்பர் 4-இலிருந்து 180 நாள் என்றால் 2026 மார்ச் 3 வரைதான். ஆன்லைனில் திருத்த முடியாது, இந்த விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டுப் புதிதாகப் போடுங்கள் என்று சொன்னாலும் சொல்வார்கள். அப்போது அந்தத் தேதிக்குள் புது விண்ணப்பம் ஏறியிருக்கவேண்டும். ரிட் மனுவுக்கு எண் வாங்கி, முதல் விசாரணை வந்து, எதிர்த்தரப்பு அவகாசம் கேட்டு முடிப்பதற்குள் மார்ச் ஓடிவிடும். வழக்கில் நிற்கும்போது உள்ள 50,000-மும் கையை விட்டுப் போகும். வழக்குச் செலவு தனி.

இரண்டாவது மகள் பி.எஸ்சி. இரண்டாம் வருடம் படிக்கிறாள் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த வரிதான். பட்டப்படிப்பு வரைக்கும் கல்வி உதவித்தொகை உண்டு, அதுவும் மாதம் 1,000-இலிருந்து 2,000 ஆகியிருக்கிறது. ஹவில்தார் வரைக்கும், கடற்படையில் என்றால் பெட்டி ஆபீசர் வரைக்கும்தான் இது. உங்கள் வீட்டுக்காரர் சீஃப் பெட்டி ஆபீசர் ஆகியிருந்தால் கிடைக்காது, டிஸ்சார்ஜ் புத்தகத்தில் ரேங்க் என்ன என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள். கல்யாண உதவி இரண்டு மகள்களுக்கு உண்டு, அவளுக்கு நடக்கும்போது 1,00,000 வாங்கலாம், நேர்மையாக. எல்லா விண்ணப்பமும் இதே மாவட்ட அலுவலகம் வழியாக, இதே உதவி இயக்குநர் கையெழுத்தில்தான் போகவேண்டும். பொய்ப் பத்திரிகை கொடுத்தவர் என்று உங்கள் கோப்பில் ஒரு குறிப்பு ஏறிவிட்டால் சின்னவளுக்கு வரவேண்டியதும் சேர்ந்து போகும்.

அப்புறம், மாநில அரசின் நிதியிலிருந்தும் இதே கல்யாணத்துக்கு வாங்கலாமா என்று கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். மத்திய உதவிக்கு விண்ணப்பிக்கும்போதே, இந்தத் திருமணத்துக்கு மாநில அரசிடம் எதுவும் வாங்கவில்லை என்று சான்று எழுதித் தருகிறீர்கள். எழுதிக் கொடுத்துவிட்டு அங்கேயும் வாங்கினால் மறுபடி அதே குழி. ஏதாவது ஒன்றை எடுங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் அதையும் அந்த நாலு வரிக் கடிதத்தில் ஐந்தாவது வரியாகச் சேருங்கள், மறைக்கவேண்டாம்.

மகள் பெயர் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் ஒரு மாதிரியும் ஆதாரில் ஒரு மாதிரியும் இருக்கிறது என்றீர்களே, அதைப் பேனாவால் திருத்தாதீர்கள். மும்பை மான்குர்ட்டில் இருக்கும் மாலுமிகள் ஆவண அலுவலகத்துக்கு மாவட்ட அலுவலகம் மூலமாகவே திருத்தம் கேட்டு எழுதுங்கள். நாளாகும், பரவாயில்லை, இதற்கும் 15 நாள் பதிலுக்கும் சம்பந்தம் இல்லை.

கணினி மையத்துக்காரர் கமிஷனாகப் பேசிய பணத்தை இன்னும் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள். உங்கள் ஆதார், வங்கிப் புத்தக நகல் எல்லாம் அவர் கணினியில் இருந்தால் அழிக்கச் சொல்லிவிட்டு, பயனர் கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள். இதை இன்றைக்கே செய்யுங்கள், கடிதத்தை நாளைக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். சின்னவளைக் கூட்டிக்கொண்டு போங்கள், படித்த பெண், முத்திரையில் தேதி சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்து வாங்குவாள்.