டெஸ்க்டாப் சப்போர்ட் ஊழியர்களை சர்வர் அட்மினாக்க எந்தப் பயிற்சிக்கு அனுப்பலாம்?

கேள்வியின் விளக்கத்தில் நீங்கள் சொல்லியிருப்பது இது: கோவைப் பக்கம் ஒரு தொழிற்சாலை. ஐடியில் நான்கு பேர், எல்லோருமே டெஸ்க்டாப் சப்போர்ட். விண்டோஸ் சர்வர்களையும் இரண்டு லினக்ஸ் சர்வர்களையும் இதுவரை வெளியிலிருந்து ஒரு வெண்டர் பார்த்துக்கொண்டிருந்தார். இனி நாமே பார்க்கலாம் என்று நிர்வாகம் முடிவெடுத்துவிட்டது. எந்த கோர்ஸ், எத்தனை மாதம்?

கோர்ஸுக்கு அப்புறம் வருகிறேன். அதற்கு முன் உங்கள் ஆட்கள் கையில் ஊறிப்போன ஒரு பழக்கத்தை விட வேண்டியிருக்கும். சப்போர்ட்டிலிருந்து சர்வர் பக்கம் வருகிறவர்களுக்கு வகுப்பு எடுப்பதுதான் என் வேலை என்பதால் எல்லா பேட்ச்சிலும் இதைப் பார்க்கிறேன். டெஸ்க்டாப் சப்போர்ட்டில் ஒரு பையன் கெட்டிக்காரன் என்று பேர் வாங்குவது வேகத்தால். அக்கவுண்ட்ஸ் மேடம் சிஸ்டம் ஹேங் ஆகிவிட்டது என்றால் ரீஸ்டார்ட். அதற்கும் அடங்காவிட்டால் டேட்டாவைக் காப்பி எடுத்து வைத்துவிட்டு ஃபார்மட். மதியத்துக்குள் மேடம் வவுச்சர் போட ஆரம்பித்துவிடுவார். அந்த இடத்தில் அதுதான் சரியான முடிவு, காரணம் தேடிக்கொண்டு உட்கார்ந்தால் திட்டுதான் விழும். அதே கை சர்வரில் ரீஸ்டார்ட் பட்டனைத் தேடும்போதுதான் வம்பு. நூறு பேர் வேலை நிற்பது ஒரு பக்கம். என்ன நடந்தது என்று சொல்லக்கூடிய தடயமும் மெமரியோடு சேர்ந்து போய்விடும்.

இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது, ஒரு மெஷினைக் கெடுத்துக் கொடுக்க வேண்டும். நான் முதலில் கொடுப்பது டிஸ்க் ஃபுல் பிரச்சினை. டிஸ்க்கில் எவ்வளவு இடம் காலி என்று சொல்லும் டிஎஃப் கமாண்டைப் போட்டால் பார்டிஷன் 100 சதவீதம் என்று காட்டும். சரி, எது இடத்தை அடைக்கிறது என்று, ஃபைல்களின் அளவைக் கணக்கிடும் டியூ கமாண்டைப் போட்டுக் கூட்டிப் பார்த்தால் பாதிகூட வராது. இரண்டு கமாண்டும் இரண்டு கணக்குச் சொல்லும்போது முகங்களைப் பார்க்க வேண்டும்! யாரோ ஒரு பெரிய லாக் ஃபைலை (சர்வீஸ் தன் நடவடிக்கைகளை எழுதி வைக்கும் ஃபைல்) ஆர்எம் கமாண்ட் போட்டு அழித்திருப்பார்கள், ஆனால் அதில் எழுதிக்கொண்டிருக்கும் சர்வீஸ் அந்த ஃபைலை இன்னும் திறந்தே வைத்திருக்கும். பெயர் போய்விட்டது, இடம் போகவில்லை. எல்எஸ்ஓஎஃப் கமாண்டை பிளஸ் எல் ஒன் என்று போட்டால் எந்த ப்ராசஸ் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று தெரியும், அந்த ஒரு சர்வீஸை மட்டும் ரீஸ்டார்ட் செய்தால் இடம் திரும்பிவிடும். சர்வரையே ரீபூட் செய்தாலும் திரும்பும், அதுதான் இதில் உள்ள ஆபத்து. ரீபூட் செய்தவர் சரிசெய்துவிட்டதாக நினைத்துக்கொள்வார், பழைய லாகுகளைத் தானாகக் கழிக்கும் லாக்ரொட்டேட் அமைப்பை யாரும் பார்க்க மாட்டார்கள், சில வாரத்தில் மறுபடி நிரம்பும்.

இதன் தம்பி ஒன்று உண்டு. டிஎஃப் பாதி இடம் காலி என்கிறது, ஆனால் ஒரு ஃபைல்கூட உருவாக்க முடியவில்லை, இடமில்லை என்றே எரர் வருகிறது. டிஎஃப் கமாண்டில் ஹைஃபன் ஐ சேர்த்துப் போட்டால்தான் ஐநோடு (ஒவ்வொரு ஃபைலுக்கும் டிஸ்க்கில் தேவைப்படும் பதிவு இடம்) தீர்ந்துபோனது தெரியும். பெரும்பாலும் ஏதோ ஒரு அப்ளிகேஷன் சின்னச் சின்ன செஷன் ஃபைல்களை லட்சக்கணக்கில் போட்டு வைத்திருக்கும்.

அடுத்தது எஃப்எஸ்டேப், அதாவது பூட் ஆகும்போது எந்த டிஸ்க்கை எங்கே இணைப்பது என்று லினக்ஸுக்குச் சொல்லும் ஃபைல். புது டிஸ்க் ஒன்றுக்கு வரி சேர்க்கச் சொல்லி, யுயுஐடியில் (டிஸ்க்கின் அடையாள எண்) ஒரு எழுத்தை மாற்றிவைத்துவிட்டு ரீபூட் செய்யச் சொல்வேன். மெஷின் எமர்ஜென்சி மோடில் போய் ரூட் பாஸ்வேர்டு கேட்டு நிற்கும். அங்கிருந்து மீண்டு வந்தவர்கள், ரீபூட்டுக்கு முன் மவுண்ட் ஹைஃபன் ஏ போட்டு அந்த ஃபைலைச் சோதித்துப் பார்ப்பதை அதற்குப் பிறகு மறக்கவே மாட்டார்கள். டிஸ்க் கிடைக்காவிட்டாலும் பூட்டை நிறுத்தாதே என்று சொல்லும் நோஃபெயில் ஆப்ஷன் டேட்டா டிஸ்க்குக்கு எதற்கு என்பதும் தானாகப் புரியும்.

விண்டோஸ் பக்கம் உங்கள் ஆட்களுக்கு ஒரு சாதகம் இருக்கிறது. பாதிப் பிரச்சினைகளை மறுமுனையிலிருந்து ஏற்கெனவே பார்த்திருப்பார்கள். ஒருவருடைய அக்கவுண்ட் அடிக்கடி லாக் ஆகிறது, ஹெல்ப்டெஸ்க் அன்லாக் செய்துகொண்டே இருக்கிறது. இது உங்கள் ஆபீஸிலும் கண்டிப்பாக நடந்திருக்கும். எல்லோருடைய லாகினையும் சரிபார்க்கும் சர்வரான டொமைன் கன்ட்ரோலரின் செக்யூரிட்டி லாகில் 4740 என்ற ஈவென்ட்டைத் திறந்தால் எந்த கம்ப்யூட்டரிலிருந்து லாக் ஆகிறது என்று பெயரே இருக்கும். போய்ப் பார்த்தால் ஷாப் ஃப்ளோரில் ஒரு பொது பிசியில் அவர் எப்போதோ மேப் செய்த நெட்வொர்க் டிரைவ் பழைய பாஸ்வேர்டோடு உட்கார்ந்திருக்கும். கிரெடென்ஷியல் மேனேஜரில் அழித்தால் தீர்ந்தது. இன்னொன்று, இன்டர்நெட் ஸ்லோ என்று யாரோ டிஎன்எஸ்ஸில் (பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் சேவை) கூகுளின் 8.8.8.8 போட்டு வைப்பது. பிரவுசிங் ஜோராக இருக்கும், டொமைனை மட்டும் கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் உங்கள் உள் டொமைனைப் பற்றி கூகுளின் டிஎன்எஸ்ஸுக்கு ஒன்றும் தெரியாது. பயனர்களையும் கம்ப்யூட்டர்களையும் ஓரிடத்தில் நிர்வகிக்கும் ஆக்டிவ் டைரக்டரி முழுக்க டிஎன்எஸ் மேல்தான் நிற்கிறது என்பதை எந்த ஸ்லைடையும்விட இந்த ஒரு லேப் நன்றாகச் சொல்லிக்கொடுக்கும்.

இதற்கெல்லாம் பெரிய செலவு இல்லை. 16 ஜிபி ராம் உள்ள பழைய டெஸ்க்டாப் ஒன்று, ஒரே கம்ப்யூட்டருக்குள் பல மெஷின்களை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ், கெடுப்பதற்கு முன் பழைய நிலைக்குத் திரும்ப ஒரு ஸ்னாப்ஷாட். விண்டோஸ் சர்வர் எவால்யுவேஷன் 180 நாள் ஓடும். லினக்ஸுக்கு, ரெட் ஹாட்டைப் போலவே இருக்கும் இலவச ஆல்மாலினக்ஸ் அல்லது ராக்கி போதும். ரெட் ஹாட்டே வேண்டுமென்றால் தனிநபர்களுக்கான இலவச டெவலப்பர் சந்தாவில் 16 சிஸ்டம் வரை போடலாம். சென்ட்ஓஎஸ் 7 வேண்டாம். அதன் ஆதரவு 2024 ஜூன் 30ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, யம் இன்ஸ்டால் போட்டாலே மிரர்லிஸ்ட் கிடைக்கவில்லை என்று நிற்கும்.

இப்போது கோர்ஸ். லினக்ஸுக்கு ரெட் ஹாட்டின் சான்றிதழ் தேர்வான ஆர்ஹெச்சிஎஸ்ஏ நல்ல தேர்வு என்பேன், ஏனென்றால் அதில் சரியான விடையை டிக் செய்கிற சமாச்சாரம் இல்லை. மெஷினைக் கொடுத்து வேலையைச் செய் என்பார்கள். இன்டர்நெட் கிடையாது, மெஷினில் இருக்கும் மேன் பேஜ் (கமாண்டுகளின் கையேடு) போன்றவைதான் துணை. 300க்கு 210 எடுக்க வேண்டும். செய்ததெல்லாம் ரீபூட்டுக்குப் பிறகும் நிற்க வேண்டும், மேலே சொன்ன எஃப்எஸ்டேப் தவறு அங்கே மொத்த மார்க்கையும் விழுங்கிவிடும். விண்டோஸில் யாராவது எம்சிஎஸ்ஏ சொல்லித்தருகிறோம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். மைக்ரோசாஃப்ட் அந்தச் சான்றிதழை 2021 ஜனவரி 31ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. இன்ஸ்டிட்யூட்டில் சேர்க்கும் முன் ஒன்றே ஒன்று கேளுங்கள்: லேபில் நீங்களே கெடுத்துக் கொடுத்துச் சரிசெய்யச் சொல்வீர்களா? பதில் மழுப்பலாக வந்தால் அந்தப் பணத்தில் ராம் வாங்கிப் போடலாம்.

பேக்கப்புக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். எடுப்பது எல்லோருக்கும் தெரியும், ரீஸ்டோர் செய்து பார்த்தவர் குறைவு. இதற்கு நான் வகுப்பில் எடுத்துக்கொள்வது, புரோகிராமர்களின் கோடைச் சேமித்து வைக்கும் கிட்லேப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று நடந்ததை. செகண்டரி (நகல்) சர்வர் என்று நினைத்து பிரைமரி (முதன்மை) டேட்டாபேஸின் டைரக்டரியை ஒரு பொறியாளர் அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபி. டேட்டாபேஸ் ஒரு வெர்ஷன், பேக்கப் எடுக்கும் பிஜிடம்ப் வேறு வெர்ஷன், அதனால் தினசரி பேக்கப் கொஞ்ச காலமாகவே தோற்றுக்கொண்டிருந்திருக்கிறது. தோல்வியைச் சொல்ல வேண்டிய மெயில்களும் போய்ச் சேராமல் நிராகரிக்கப்பட்டிருக்கின்றன. ஆறு மணி நேரத்துக்கு முன் வேறு வேலைக்காக ஒருவர் கையால் எடுத்து வைத்த ஸ்னாப்ஷாட் காப்பாற்றியது. இதையெல்லாம் அவர்களே விவரமாக வெளியிட்டதால் பாடமாக நடத்த முடிகிறது. உங்கள் ஈஆர்பி (கணக்கு, ஸ்டாக், ஆர்டர் எல்லாம் ஓடும் மென்பொருள்) டேட்டாபேஸின் நேற்றைய பேக்கப்பை ஒரு காலி மெஷினில் ஏற்றி, கடைசி இன்வாய்ஸ் நம்பர் வரை வருகிறதா பார் என்று ஒவ்வொருவருக்கும் கொடுங்கள்.

2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் பிழையான அப்டேட்டால் நடந்த சம்பவத்தையும் கேள்வியாகக் கேட்கலாம். சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் நீலத் திரையில் நின்றன. தீர்வு எளிது: சேஃப் மோடில் போய் ஒரு ஃபைலை அழிக்க வேண்டும். ஆனால் டிஸ்க் பிட்லாக்கரில் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) பூட்டியிருந்தால் ரிக்கவரி கீ வேண்டுமே, அந்த கீயைச் சேமித்து வைத்திருப்பது ஆக்டிவ் டைரக்டரியில் என்றால், அந்த சர்வரும் விழுந்து கிடந்தால்? உங்கள் நால்வரும் இதற்கு என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள், பதில் வராவிட்டால் முதல் வேலை அதுதான்.

எத்தனை மாதம் என்பதற்கு என் கணிப்பு, தினமும் ஒரு மணி நேரம் லேபுக்குக் கிடைத்தால் ஆறு மாதம். அதுவரை வெண்டரை நிறுத்தாதீர்கள், குறைந்த நேர ஒப்பந்தமாக மாற்றிக்கொள்ளுங்கள். முதலில் லாக் பார்க்க மட்டும் அனுமதி, பிறகு மேற்பார்வையில் பேட்ச் (பிழை திருத்தும் அப்டேட்) போடுவது, கடைசியாகத் தனியாக. எந்த மாற்றத்துக்கும் முன்னால் என்ன செய்யப்போகிறேன், தப்பாகப் போனால் எப்படிப் பழைய நிலைக்குத் திரும்புவேன், யாரிடம் சொல்லியிருக்கிறேன் என்று மூன்று வரி டிக்கெட்டில் எழுத வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் யாரும் எதையும் தொடக் கூடாது.

நான்கு பேருக்கும் எல்லாம் சொல்லித்தர முயல வேண்டாம். இருவர் விண்டோஸ், இருவர் லினக்ஸ், ஒருவர் லீவில் போனால் மற்றவர் பார்க்கும்படி. அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. ராத்திரி இரண்டு மணிக்கு போன் வருகிற வேலைக்கு டெஸ்க்டாப் சப்போர்ட் சம்பளத்தையே கொடுத்தால் ஆர்ஹெச்சிஎஸ்ஏ முடித்த கையோடு பெங்களூருக்கு ரயில் ஏறிவிடுவார்கள். ஹெச்ஆரிடம் இதைப் பயிற்சி தொடங்கும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். ஈஆர்பி எந்த டேட்டாபேஸில் ஓடுகிறது என்று சொன்னால் ரீஸ்டோர் லேபை எப்படி அமைப்பது என்று எழுதுகிறேன், எஸ்க்யூஎல் சர்வருக்கும் ஆரக்கிளுக்கும் முறை நிறைய மாறும்.