வெடித்து அழும் பிள்ளை: தென்னாப்பிரிக்கத் தமிழ்ப் பெற்றோரின் கேள்விகள்

இந்தத் தடவை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: ஏ.டி.எச்.டி. (கவனம் நிலைக்காத, அடங்காமல் துறுதுறுக்கும் நிலை) உள்ள சின்னப் பிள்ளைகளின் அடக்க முடியாத அழுகையும் ஆத்திரமும். அவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

மகனுக்கு ஆறு வயது, கிரேடு ஒன்று. பள்ளியில் 'நல்ல பையன்' என்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் காலணியைக் கழற்றச் சொன்னால்கூடக் கத்தி, எட்டி உதைத்து, அரை மணி நேரம் அழுகிறான். எங்களிடம் மட்டும் ஏன் இப்படி? (ஒரு தாய், சாட்ஸ்வர்த்)

உங்களிடம்தான் அவனால் இப்படி இருக்க முடிகிறது, அம்மா. உட்காரு, பேசாதே, வரிசையில் நில் என்று காலையிலிருந்து சொன்னதையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு செய்திருக்கிறான். வீடு வந்து சேரும்போது அவனிடம் தெம்பு மிச்சமில்லை. ஏ.டி.எச்.டி. என்றால் கவனச்சிதறலும் துறுதுறுப்பும் மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். பொங்கி வரும் கோபத்தைப் பிடித்து நிறுத்துவதும் இந்தப் பிள்ளைகளுக்குக் கஷ்டம். 2007-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு, இவர்களுடைய மூளையின் புறணி என்ற வெளி அடுக்கு முதிர்வது சராசரியாக மூன்று ஆண்டு பிந்துகிறது என்று ஸ்கேன் எடுத்துக் காட்டியது.

பள்ளி வாசலிலேயே "இன்னைக்கு என்ன படிச்சே, டீச்சர் என்ன சொன்னாங்க" என்று தொடங்காதீர்கள். தண்ணீர் கொடுங்கள், ஒரு வாழைப்பழம் கொடுங்கள். வீட்டில் முதல் அரை மணி நேரம் எந்த உத்தரவும் வேண்டாம். காலணியோடு முற்றத்தில் ஓடட்டும். ஹோம்வொர்க் அப்புறம்.

அப்படியும் வெடித்துவிட்டால், அந்த நேரத்தில் புத்திமதி காதில் ஏறாது. கண்ணாடிச் சாமான்களை எட்டாமல் நகர்த்திவிட்டு, கொஞ்சம் தள்ளித் தரையில் உட்காருங்கள். "அம்மா இங்கதான் இருக்கேன்" என்பதற்கு மேல் பேச்சு வேண்டாம். "நிறுத்தினா சாக்லேட்" என்ற பேரமும் வேண்டாம், மிரட்டலும் வேண்டாம். கட்டிக்கொண்டால் சில பிள்ளைகள் அடங்குவார்கள். சிலருக்கு அதுவே எரிச்சல். உங்கள் பிள்ளை எந்த ரகம் என்று உங்களுக்குத்தான் தெரியும். அவன் முகம் தெளிந்து, சாப்பிட்ட பிறகு இரண்டு வாக்கியம் போதும்: "உனக்கு ரொம்பக் கோபம் வந்துச்சு. உதைக்கக் கூடாது, அடுத்த தடவை என்கிட்ட வந்து 'கோபம் வருது'ன்னு சொல்லு." அவன் ஒரே ஒரு தடவை அப்படி வந்து சொன்னாலும் அன்றைக்கு மனசாரப் பாராட்டுங்கள்.

காலையில் மாத்திரை சாப்பிடுகிற பிள்ளையாக இருந்தால் இன்னொன்றும் பாருங்கள். மருந்தின் வேகம் குறையும் நேரத்தில் எரிச்சல் கூடுவது உண்டு. எத்தனை மணிக்கு வெடிக்கிறான் என்று ஒரு வாரம் குறித்து டாக்டரிடம் காட்டுங்கள்.

"ஒரு அடி போட்டா அடங்குவான், நாங்க அப்படித்தான் வளர்ந்தோம்" என்கிறார் மாமனார். தினமும் சண்டை. (பீனிக்ஸ்)

முதலில் சட்டத்தைச் சொல்லுங்கள். தென்னாப்பிரிக்கப் பள்ளிகளில் அடிப்பதை 1996-ஆம் ஆண்டுப் பள்ளிச் சட்டம் தடை செய்தது. வீட்டில் அடித்துவிட்டு 'நியாயமாகத்தான் கண்டித்தேன்' என்று பெற்றோர் சொல்லிவந்த வாதமும் இனிச் செல்லாது என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 2019 செப்டம்பர் 18 அன்று தீர்ப்பளித்தது.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். ஏற்கெனவே பதறிக்கிடக்கும் பிள்ளையை அடித்தால் பயமும் சேர்ந்துகொள்ளும். அடங்கியது போலத் தெரிவது அந்தப் பயம்தான். கோபத்தைக் கையாள அவன் எதையும் கற்றிருக்க மாட்டான். இதை மாமனாரிடம் உங்களைவிட உங்கள் கணவர் பேசுவது நல்லது. அப்படியே தாத்தாவுக்கு ஒரு பொறுப்பும் கொடுங்கள்: தினமும் சாயங்காலம் பேரனோடு நடை, அல்லது செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது. ஓடியாடும் பிள்ளைக்கு நிதானமான ஒரு துணை கிடைப்பது பெரிய விஷயம்.

இனிப்பைக் குறைத்தால் சரியாகுமா? (டோங்காட்)

பல்லுக்கு நல்லது, குறையுங்கள். ஆனால் சர்க்கரையால் பிள்ளைகளின் நடத்தை மாறுவதில்லை என்று 1995-லேயே பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். ஏ.டி.எச்.டி.க்கு அது காரணமில்லை.

ஐந்து வயது மகள். போன வருஷம் தைப்பூசக் காவடியில் மேளச் சத்தத்தில் காதைப் பொத்திக்கொண்டு தரையில் விழுந்து அலறினாள். கோயிலுக்கே கூட்டிப்போக வேண்டாமா? (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

தாராளமாகக் கூட்டிப்போங்கள். நம் ஊரில் தைப்பூசம் கடும் வெயில் காலத்தில் வருகிறது. வெயிலும் பசியும் கூட்டமும் மேளமும் சேர்ந்தால் பெரியவர்களுக்கே தலை சுற்றும். கூட்டம் சேருமுன் போய்க் கும்பிடுங்கள். காதை மூடும் இயர்மஃப் வாங்கி, வீட்டிலேயே போட்டுப் பழக்குங்கள். காவடி எடுப்பவர் அவளைப் பார்த்துக்கொள்ள முடியாது. அவள் கையைப் பிடித்து இழுத்ததும் கேள்வி கேட்காமல் வெளியே அழைத்துப்போக சித்தியோ மாமாவோ ஒருவரை முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள்.

நாலரை வயதுதான். அதற்குள் மாத்திரை தொடங்கலாமா? அடிமையாகிவிடுவானா? (லெனேசியா)

ஆறு வயதுக்குள் முதல் சிகிச்சை மாத்திரை இல்லை. பிள்ளையைக் கையாளப் பெற்றோருக்குத் தரும் பயிற்சிதான். அதை முறையாகச் செய்தும் போதவில்லை, பாதிப்பு கடுமையாக இருக்கிறது என்றால் மருந்து பற்றிச் சிறப்பு மருத்துவர் முடிவு செய்யட்டும். ஏ.டி.எச்.டி.க்குத் தரும் மெத்தில்ஃபெனிடேட் இங்கே ஆறாம் அட்டவணை மருந்து, அதாவது கடும் கட்டுப்பாடு உள்ள வகை. மாதந்தோறும் புதுச் சீட்டு வேண்டும். அந்தக் கட்டுப்பாட்டைப் பார்த்துப் பயப்படாதீர்கள். மருத்துவர் சொன்ன அளவில், கண்காணிப்போடு கொடுத்தால் பிள்ளை அடிமையாவதில்லை. பசி குறைவதும் தூக்கம் தள்ளிப்போவதும்தான் அடிக்கடி வரும் தொல்லைகள். எடை, உயரம், ரத்த அழுத்தம் மூன்றையும் டாக்டர் தவறாமல் பார்க்க வேண்டும்.

பள்ளியிலிருந்து அடிக்கடி ஃபோன்: "வந்து கூட்டிக்கொண்டு போங்கள்." வேறு பள்ளி பாருங்கள் என்கிறார்கள். (வெருலம்)

உடனே டி.சி. வாங்கிவிடாதீர்கள். ஆதரவு தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டறிந்து உதவ 2014-இல் அரசு கொண்டுவந்த சியாஸ் கொள்கை இருக்கிறது. அதன்படி பிள்ளைக்கு என்ன ஆதரவு தேவை என்று பதியும் எஸ்.என்.ஏ. 1 படிவத்தை வகுப்பு ஆசிரியர் நிரப்ப வேண்டும். அதன் பிறகு பள்ளி ஆதரவுக் குழு எஸ்.என்.ஏ. 2-ஐ எழுதி ஒரு திட்டம் போட வேண்டும். அதுவும் போதாவிட்டால் மாவட்டக் குழுவிடம் போகும். "எஸ்.என்.ஏ. 1 எழுதியாகிவிட்டதா?" என்று எழுத்தில் கேளுங்கள். வீட்டுக்கு அனுப்பும் ஒவ்வொரு நாளையும் நேரத்தோடு குறித்துவையுங்கள்.

அவன் கத்தும்போது நானும் கத்திவிடுகிறேன். சின்ன வயதில் நானும் இப்படித்தான் இருந்தேனாம். (ஒரு தாய், டர்பன்)

இதை எழுதியதற்கு நன்றி. ஏ.டி.எச்.டி. பெரும்பாலும் குடும்பத்தில் தொடர்ந்து வருவது, உங்களுக்கும் இருக்கலாம். கத்திவிட்ட நாளில், தணிந்த பிறகு "அம்மா கத்தினது தப்பு" என்று பிள்ளையிடம் சொல்லுங்கள். அதனால் உங்கள் மரியாதை குறையாது. மகனுக்காக டாக்டரிடம் போகும் அடுத்த தடவையே உங்களைப் பற்றியும் கேளுங்கள். பெரியவர்களுக்கும் இதற்குச் சிகிச்சை உண்டு.