தண்ணீர் அடிக்கப் போவது யார்?

கேள்வி: நான் தண்டையார்பேட்டையில் வசிக்கிறேன். வயது 36. பாரிமுனையில், ஏற்றுமதி இறக்குமதிச் சரக்குகளுக்குச் சுங்க அனுமதி வாங்கித் தரும் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் 11 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். அந்த வேலைக்குச் சுங்கத்துறை தரும் ஜி கார்டு என்ற அடையாள அட்டை வைத்திருக்கிறேன். மனைவி தனியார் பள்ளி ஆசிரியை. இரண்டு பிள்ளைகள். தொலைநிலைக் கல்வியில் எம்.காம். சேர்ந்து, தினமும் விடியற்காலை ஐந்து முதல் ஏழு வரை படித்து, இரண்டே ஆண்டில் முடித்துவிடலாம் என்று நினைக்கிறேன். வேலை, குடும்பம், படிப்பு மூன்றையும் ஒருசேரச் சமாளிக்க வழி சொல்லுங்கள். (பெயர் வெளியிட வேண்டாம்.)

பதில்: இடம் கருதி உங்கள் கடிதத்தைச் சுருக்கியிருக்கிறோம். முழுக் கடிதம் நான்கு பக்கம். அதில் உங்கள் மேலாளரின் குணம் முதல் அலுவலகக் கணினியின் வேகம் வரை எல்லாம் விரிவாக வருகின்றன; மனைவி மட்டும் ஒரே வரியில், ‘அவர் கட்டாயம் ஒத்துழைப்பார்’ என்று வருகிறார். அவரிடம் இதைக் கேட்டீர்களா என்பது அந்த நான்கு பக்கத்தில் எங்கும் இல்லை.

நானும் பழைய வண்ணாரப்பேட்டையில் பல ஆண்டுகள் குடியிருந்தவன். நீங்கள் குறித்திருக்கும் அந்த ஐந்து முதல் ஏழு வரை, எங்கள் தெருவில் தண்ணீர் வருகிற நேரம். அடிபம்பின் வாயில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றி, கைப்பிடி கிறீச்சிடக் கிறீச்சிட அடித்து, குடங்களை நிரப்பி, மாடிக் குடித்தனமானால் ஒவ்வொன்றாகப் படியேற்றி, அதற்கு நடுவிலேயே பாலை அடுப்பில் வைத்து, அது பொங்குவதற்குள் ஓடிவந்து இறக்கி, பிறகு பிள்ளைகளை எழுப்ப வேண்டும். இந்த வேலைகளில் இன்று உங்கள் பங்கு எவ்வளவு என்பது எனக்குத் தெரியாது. ஆனால் நீங்கள் புத்தகத்தோடு உட்கார்ந்த மறுநாள் முதல் அந்தப் பங்கு யார் தலையில் விழும் என்பது தெரியும். அவரும் எட்டரை மணிக்கெல்லாம் வகுப்பறையில் நிற்க வேண்டியவர்தானே?

உங்கள் கணக்கும் சரியாக இல்லை. தொலைநிலைக் கல்வியில் ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேர உழைப்பு என்று வைத்திருக்கிறார்கள்; பாடம் படிப்பது, ஒப்படைப்பு (அசைன்மென்ட்) எழுதுவது எல்லாம் அதில் அடக்கம். 80 கிரெடிட் கொண்ட முதுகலைப் படிப்பென்றால் 2,400 மணி நேரம் ஆகிறது. அதை இரண்டு ஆண்டில் முடிக்க வேண்டுமானால் வாரத்துக்கு 23 மணி நேரம் வேண்டும். உங்கள் விடியற்காலைத் திட்டம், தீபாவளியும் பிள்ளையின் காய்ச்சலும் குறுக்கிடாமல் நடந்தாலும் 14 மணி நேரத்துக்கு மேல் தேறாது. மீதி ஒன்பது மணி நேரத்தை இரவில் எடுத்துக்கொள்வதாகச் சொல்வீர்கள். கப்பலுக்குச் சரக்கைச் சேர்க்கும் கடைசி நேரமான கட்-ஆஃப் நெருங்குகிற நாளில், ஏற்றுமதிக்காகத் தாக்கல் செய்த ஷிப்பிங் பில் சுங்கத்துறையின் ஏதோ ஒரு கேள்வியில் மாட்டிக்கொண்டு, நீங்கள் வீடு திரும்பவே பத்து மணி ஆகிறபோது, அதற்குப் பிறகு எந்தக் கணக்கியல் மண்டையில் ஏறும்? மெட்ரோவில் படித்துக்கொண்டே போகலாம் என்று யோசனை சொல்லவும் ஆட்கள் இருக்கிறார்கள். தண்டையார்பேட்டையில் ஏறினால் நான்காவது நிலையம் உயர்நீதிமன்றம். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வதற்குள் இறங்க வேண்டியிருக்கும்.

ஆகவே இரண்டு ஆண்டு என்ற பிடிவாதத்தை முதலில் விடுங்கள். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் முதுகலைப் படிப்பை இரண்டு ஆண்டில் முடிக்கலாம்; நான்கு ஆண்டு வரை எடுத்துக்கொள்ளவும் இடம் உண்டு. நான்கு ஆண்டாகப் பரப்பினால் அதே 2,400 மணி நேரம் வாரத்துக்குப் பதினொன்றரையாகக் குறைகிறது. தேர்வுகள் ஜூனிலும் டிசம்பரிலும் நடக்கின்றன. எந்த முறை எத்தனை தாள் எழுதுவது என்பதை உங்கள் அலுவலக நெருக்கடியைப் பார்த்து நீங்களே முடிவு செய்யலாம். பெரும்பாலான தாள்களில் ஒப்படைப்புக்கு 30 விழுக்காடு, தேர்வுக்கு 70 விழுக்காடு என்பதால், ஒப்படைப்பைக் கடைசித் தேதிக்கு முந்தைய இரவு பார்த்து எழுதி அனுப்புகிறவர் தமக்குத்தாமே குழி தோண்டிக்கொள்கிறார்.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்றால், நானே ஒருமுறை கோட்டைவிட்டவன். பிழை திருத்துநராக இருந்த காலத்தில் அஞ்சல்வழியில் எம்.ஏ. சேர்ந்தேன். புத்தகக் கட்டு வந்த நாளில் அதைப் பிரிக்கக்கூட நேரமில்லாமல் அலமாரி மேல் வைத்தேன். எட்டு மாதம் கழித்துப் பார்த்தபோது அதன் மேல் என் தாயாரின் ஊறுகாய் ஜாடி உட்கார்ந்திருந்தது. அந்த எண்ணெய் வட்டம் முதல் தாளின் அட்டையில் இன்றும் இருக்கிறது. சில ஆண்டுகளுக்குப் பிறகு மறுபடி சேர்ந்தபோது நான் கூடுதல் புத்திசாலி ஆகிவிடவில்லை. வீட்டில் ஓர் ஒப்பந்தம் மட்டும் செய்துகொண்டேன். சனிக்கிழமை முழுவதும் சமையல், துணி, ரேஷன் கடை எல்லாம் என் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை நான் கன்னிமாரா நூலகத்துக்குப் போய்விடுவேன், மாலை வரை யாரும் என்னைத் தேடக்கூடாது. வீட்டிலேயே உட்கார்ந்து படிக்கிறேன் என்று சொன்னவரைக்கும் கேஸ் சிலிண்டர்காரர் முதல் எதிர்வீட்டு மாமா வரை எல்லோரும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். உங்கள் பக்கத்தில் இப்போது வாய்ப்பு இன்னும் கூடியிருக்கிறது. கொளத்தூரில் 2024இல் திறந்த முதல்வர் படைப்பகம் போல, உட்கார்ந்து படிப்பதற்கென்றே இடங்கள் வந்திருக்கின்றன.

இத்தனைக்கும் எம்.காம். எதற்காக என்பதை நீங்கள் எழுதவேயில்லை. சொந்தமாகக் கிளியரிங் தொழில் தொடங்கும் எண்ணமானால் அதற்கு முதுகலை கட்டாயமில்லை: சுங்கத் தரகர் உரிமம் பற்றிய 2018ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, இளங்கலைப் பட்டத்தோடு ஜி கார்டில் வேலை பார்த்த அனுபவம் உள்ளவரும் உரிமத் தேர்வுக்கு விண்ணப்பிக்க வழியிருக்கிறது. 11 ஆண்டு அனுபவத்தைக் கையில் வைத்துக்கொண்டு 2,400 மணி நேரத்தை வேறு பக்கம் கொட்டுவதற்கு முன், அந்த விதிகளை ஒரு மாலை உட்கார்ந்து படியுங்கள். கல்லூரி ஆசிரியர் ஆவதுதான் ஆசை என்றால் கதை வேறு. அதற்கான தேசியத் தகுதித் தேர்வான நெட் தேர்வுக்கு முதுகலையில் 55 விழுக்காடு (இட ஒதுக்கீட்டுப் பிரிவினர் பலருக்கு 50) வேண்டும், எனவே ஏனோதானோவென்று தேறினால் போதாது. சம்பள உயர்வுக்காக என்றால், பட்டம் வந்தால் எவ்வளவு கூட்டித் தருவீர்கள் என்று அந்த மேலாளரிடம் இன்றே கேட்டுவிடுங்கள்.

எதற்காக இருந்தாலும் சேர்வதாக முடிவு செய்தால் ஓர் எச்சரிக்கை. ‘ஆறே மாதத்தில் பட்டம், தேர்வுக்கே வர வேண்டாம்’ என்று கைபேசியில் கூப்பிடுகிறவரிடம் பத்து ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அங்கீகாரம் பெற்ற தொலைநிலைப் பட்டமும் இணையவழிப் பட்டமும் நேரடிப் பட்டத்துக்கு இணையானவை என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் தெளிவாக அறிவித்திருக்கிறது. ஆனால் அந்த அங்கீகாரம் ஒவ்வொரு படிப்புக்கும் ஒவ்வொரு சேர்க்கைப் பருவத்துக்கும் தனித்தனியாகத் தரப்படுவது. பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் பார்த்துப் பணம் கட்டிவிடாமல், மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு வெளியிடும் பட்டியலில் உங்கள் படிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

அதற்கும் முன்னால், வாரத்தில் எந்தெந்த நாள் நீங்கள் தண்ணீர் அடிப்பீர்கள் என்று ஒரு தாளில் எழுதி மனைவியிடம் காட்டுங்கள். அவர் திருத்தம் சொன்னால் ஏற்றுக்கொள்ளுங்கள். இந்தப் பதில் நியாயமில்லை என்று அவருக்குப் பட்டால், அவரையே எழுதச் சொல்லுங்கள், சுருக்காமல் வெளியிடுகிறோம்.

- ஆசிரியர்