லெகோ பெட்டிக்குள் அவனா, அவளா? கேள்வி பதில்

போன வாரம் லெகோவில், அதாவது ஒன்றோடொன்று பொருந்தும் அந்தப் பிளாஸ்டிக் கட்டை விளையாட்டில், ஆண், பெண் பொம்மைகளைப் பற்றி நாலு வரி எழுதினேன். அதற்குக் கேள்விகள் குவிந்துவிட்டன. ஞாயிறு மதியம், கையில் காபி, உட்கார்ந்துவிட்டேன். என் தகுதி இவ்வளவுதான்: படித்தது மெக்கானிக்கல், இருபது வருடமாக லெகோ சேர்க்கிறேன், சனிக்கிழமைகளில் எங்கள் குடியிருப்புப் பிள்ளைகள் பத்துப் பேர் என் வீட்டு ஹாலில் கொட்டிக் கட்டுவார்கள். குழந்தை மருத்துவமும் கடைத் தள்ளுபடியும் என்னிடம் கேட்காதீர்கள்.

சேலத்து அப்பா: மகளுக்கு 6 வயது. ஃப்ரெண்ட்ஸ் செட் வாங்கலாமா, சிட்டி செட் வாங்கலாமா?

அவளையே கேளுங்கள். ஃப்ரெண்ட்ஸ் பெண் பிள்ளைகளை நினைத்துச் செய்த வரிசை, சிட்டி போலீஸ், தீயணைப்பு என்று ஊரைக் கட்டும் வரிசை. இரண்டிலும் இருப்பது ஒரே கட்டைதான். 1958-இல் காப்புரிமை பெற்ற கட்டையே இன்றைய கட்டையோடு பொருந்தும், ஃப்ரெண்ட்ஸ் கட்டை சிட்டியோடு பொருந்தாதா? ஒரு மாதத்தில் எல்லாம் ஒரே வாளியில்தான் கிடக்கப் போகின்றன. ஒன்று மட்டும்: ஒட்டிக்கொண்ட துண்டைப் பல்லால் கடித்துப் பிரிக்க விடாதீர்கள். அதற்கென்று ஆரஞ்சு நிறத்தில் ஒரு பிரிப்பான் இருக்கிறது.

பழைய வண்டி: லெகோ ஆரம்பத்திலிருந்தே பையன்களுக்கான பொம்மைதானே? இப்போதுதான் பெண்களை இழுக்கப் பார்க்கிறார்கள்?

இல்லை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை.

வெளிப்படையாகப் பையன்களுக்கென்று விற்றவர்கள் வேறு ஆட்கள். 1901-இல் லிவர்பூலில் ஃபிராங்க் ஹார்ன்பி காப்புரிமை வாங்கிய இரும்புப் பட்டை பொம்மைதான் பின்னால் மெக்கானோ ஆனது. அமெரிக்காவில் 1913-இல் வந்த இரெக்டர் செட்டின் விளம்பரம் 'ஹலோ பாய்ஸ்!' என்றே கூப்பிடும். நட்டு, போல்ட்டு, பாலம், கிரேன் எல்லாம் வருங்கால இன்ஜினியர் பையனுக்கு.

லெகோ 1932-இல் டென்மார்க்கின் பில்லுண்ட் ஊரில் ஒரு தச்சர் தொடங்கியது. 1974-இல் பெட்டிக்குள் பெற்றோருக்கு ஒரு கடிதம் வைத்தார்கள். படைக்கும் ஆசை ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் ஒரே அளவுதான், பையன்களில் பலருக்குப் பொம்மை வீடு பிடிக்கும், பெண்களில் பலருக்கு விண்கலம் பிடிக்கும், கையில் பொருளைக் கொடுத்துவிட்டு விலகி நில்லுங்கள் என்பதே அதன் சாரம். 2014-இல் இணையத்தில் இது சுற்றியபோது போலி என்று பலர் சண்டை போட்டார்கள். கம்பெனியே உண்மைதான் என்று உறுதிசெய்தது. 1981 விளம்பரத்தில் செம்பட்டை முடியை இரண்டாகப் பின்னிய ஒரு சிறுமி, ஜீன்ஸும் டி-ஷர்ட்டுமாக, தான் கட்டிய ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். அது வீடா, பறவையா என்று சொல்ல முடியாது. அதுதான் அந்தப் படத்தின் அழகு.

லெகோ மட்டுமல்ல, காலமே அப்படி. எலிசபெத் ஸ்வீட் என்ற சமூகவியலாளர் அமெரிக்காவின் சியர்ஸ் கடைப் பட்டியல்களை உட்கார்ந்து அலசினார். 1975 பட்டியலில் ஆணுக்கு, பெண்ணுக்கு என்று வெளிப்படையாகக் குறித்து விற்ற பொம்மைகள் நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. பிரிவினை அப்புறம்தான் வந்தது. 1984-இல் குழந்தைகள் டிவிக்கான கட்டுப்பாடுகளை அமெரிக்கா தளர்த்தியதும் கார்ட்டூனே விளம்பரம் ஆனது. லெகோவும் அந்தப் பக்கம் சாய்ந்தது: 1992-இல் பாரடைசா, 1994-இல் பெல்வில், 2012-இல் ஃப்ரெண்ட்ஸ், மூன்றுமே பெண் பிள்ளைகளைக் குறிவைத்த வரிசைகள்.

ஆக, 'இப்போதுதான் பெண்களை இழுக்கிறார்கள்' என்பது தவறு. நடுவில் விட்டார்கள், இப்போது தேடுகிறார்கள்.

ரோஜாப்பூ: பிங்க் நிறம்தானே பிரச்சினை? அதை எடுத்துவிட்டால் சரியாகிவிடுமா?

நிறத்தை விடுங்கள். பொம்மையின் மணிக்கட்டைப் பாருங்கள்.

சாதாரண மினிஃபிகரின், அதாவது லெகோவின் குட்டி மனிதப் பொம்மையின், கையைப் பிடித்துத் திருப்பினால் திரும்பும். ஸ்பேனரை நேராகவும் பிடிக்கும், சாய்த்தும் பிடிக்கும். கால்கள் தனித்தனியாக அசையும், ஒன்றை முன்னால் வைத்து ஓட விடலாம். 2012-இல் ஃப்ரெண்ட்ஸுக்காக மினி-டால் என்று மெலிந்த, கொஞ்சம் உயரமான ஒரு பொம்மை செய்தார்கள். அதற்கு மணிக்கட்டு திரும்பாது. இரண்டு காலும் சேர்ந்தே மடங்கும். அவள் உட்காரலாம், நிற்கலாம். ஒரு எட்டு எடுத்து வைக்க முடியாது!

வாங்கிய அன்றே ஸ்பேனரை அவள் கையில் கொடுத்துப் பார்த்தேன். விருந்துக்கு வந்தவள் கரண்டியைப் பிடிப்பதுபோல் நீட்டிக்கொண்டு நின்றாள்.

அதற்காக ஃப்ரெண்ட்ஸைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. நான்கு வருடம் ஆராய்ச்சி செய்தே கொண்டுவந்தார்கள், முதல் ஆறு மாதத்தில் எதிர்பார்த்ததைவிட இரண்டு மடங்கு விற்றது. எதிர்த்து 50,000-க்கு மேல் கையெழுத்தும் விழுந்தது. எதிர்த்தவர்கள் அழகு நிலைய செட்டையே காட்டினார்கள். அதே முதல் வரிசையில் ஒலிவியா என்ற பாத்திரத்தின் கண்டுபிடிப்புக் கூடமும் இருந்தது, கரும்பலகை, குட்டி ரோபோ எல்லாம் சேர்த்து. அதை யாரும் பேசவில்லை. எனக்கு மிகவும் பிடித்த சின்ன செட்களில் அது ஒன்று.

கோவை மம்மி: 5 வயது பெண் குழந்தை. எந்த செட் நல்லது?

சேலத்து அப்பாவுக்குச் சொன்னதுதான். பல் விஷயத்தையும் சேர்த்துப் படியுங்கள்.

மஞ்சள்மண்டை: மேடம், லெகோ மனிதனுக்கு ஆண், பெண் கிடையாது. மஞ்சள் முகம், இரண்டு புள்ளி, ஒரு சிரிப்பு. வேறுபாடு உங்கள் கண்ணில்தான் இருக்கிறது.

வாங்க, உங்களைத்தான் எதிர்பார்த்தேன்.

1978-இல் மினிஃபிகர் வந்தபோது முகம் பொதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த வருடம் வந்த முதல் பெண் யார் தெரியுமா? நர்ஸ். போலீஸ், தீயணைப்பு வீரர், விண்வெளி வீரர் என்று மற்றவர்கள் வரிசையாக நிற்க, அவள் பெண் என்று வேலையையும் தலைமுடியையும் வைத்துத்தான் தெரியும். 1989-இல் கடற்கொள்ளையர் செட் வந்தது. முகத்தில் மீசை வந்தது, கண் கட்டு வந்தது, பெண்ணுக்குச் சிவப்பு உதடு வந்தது. அதோடு கதை முடிந்தது. உதட்டுச்சாயம் இருந்தால் பெண், எதுவும் இல்லாவிட்டால் ஆண் என்றாகிவிட்டது.

எங்கள் ஹாலில் நடந்ததைச் சொல்கிறேன். வெறும் சிரிப்பு முகம் ஒன்றை எடுத்து, தொப்பி மாட்டி, லாரியில் உட்கார வைத்தேன். என்ன நடக்குது என்று கேட்டேன். "அவன் லாரி ஓட்டுறான்." சொன்னது பையன் அல்ல, ஏழு வயதுப் பெண். தொப்பியைக் கழற்றி நீள முடியை மாட்டினேன். அதே முகம். "இப்ப அவ ஓட்டுறா." முடியை எடுத்துவிட்டு ஹெல்மெட் வைத்தேன். மறுபடி "அவன்". அவள் எங்கே போனாள் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஹெல்மெட் உள்ள முடி இருக்கும்ல?" என்றாள்.

இருக்காது. அங்கேதான் விஷயம். மினிஃபிகரின் தலையில் ஒரே ஒரு குமிழ். அதில் முடியும் மாட்டலாம், ஹெல்மெட்டும் மாட்டலாம், ஆனால் ஏதாவது ஒன்றுதான். முடி மட்டுமே பெண்ணின் அடையாளம் என்றால், வேலைக்குப் போக ஹெல்மெட் போட்ட நிமிடமே அவள் ஆணாகிவிடுகிறாள். பின்னால் குதிரைவாலோடு சேர்ந்தே வார்த்த தொப்பிகளை லெகோவே செய்தது. பிரச்சினை என் கண்ணில் மட்டும் இருந்தால் அவர்கள் ஏன் தனியாக அச்சு செய்யப்போகிறார்கள்?

மஞ்சள்மண்டை: 'ஓட்டுறான், ஓட்டுறா' என்று பிரிப்பது தமிழ் இலக்கணம். அதற்கு டென்மார்க் கம்பெனி என்ன செய்யும்?

நல்ல அடி. 'ஓட்டுறாங்க' என்று மரியாதையாகச் சொல்லாவிட்டால், தமிழில் வினையை முடிக்க ஆணா, பெண்ணா என்று தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும் என்பது சரி. ஆனால் தேர்வு பிள்ளையின் கையில்தானே இருக்கிறது? ஏன் முதலில் வருவது எப்போதும் 'ஓட்டுறான்'?

யாழ் டீச்சர்: என்ர வகுப்பில பிள்ளைகள் 'பொலிஸ் மாமா' எண்டுதான் சொல்லுவினம். அதே பொம்மைய மேசைக்குப் பின்னால வைச்சால் 'டீச்சர்', உடனே 'அவ'!

பார்த்தீர்களா மஞ்சள்மண்டை, முகம் மாறவில்லை, முடி மாறவில்லை. மேசை மட்டும் வந்தது. டீச்சர், இது என் பரிசோதனையைவிட நல்ல பரிசோதனை, அடுத்த சனிக்கிழமை திருடப் போகிறேன்.

மஞ்சள்மண்டை: அப்போ தவறு சமூகத்தில், லெகோவில் இல்லை. நான் சொன்னதும் அதைத்தான்.

நீங்கள் சொன்னது 'உங்கள் கண்ணில்' என்று. இப்போது 'சமூகத்தில்' என்கிறீர்கள். முன்னேற்றம். மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

ராக்கெட் ரசிகை: 2014-இல் 7 வயதுச் சிறுமி ஒருத்தி லெகோவுக்குக் கடிதம் எழுதியதால்தான் பெண் விஞ்ஞானி செட் வந்ததாமே?

எல்லோரும் இப்படித்தான் சொல்கிறார்கள், வரிசை தவறு. பெண்கள் வீட்டில் இருக்கிறார்கள், கடற்கரைக்கும் கடைக்கும் போகிறார்கள், பையன்கள் மட்டும் சுறாவோடு நீந்துகிறார்கள் என்று அவள் எழுதியது 2014 ஜனவரி. செட் வந்தது அதே வருடம் ஆகஸ்டில். ஆனால் அதை வடிவமைத்தவர் எலன் கூய்மன் என்ற புவிவேதியியலாளர். ரசிகர்கள் வடிவம் அனுப்பி, 10,000 பேர் ஆதரித்தால் கம்பெனி பரிசீலிக்கும் திட்டம் ஒன்று உண்டு. 2012-லேயே அவர் அதில் அனுப்பிவிட்டார். தொல்லுயிர் ஆய்வாளர், வானியலாளர், வேதியியலாளர் என்று மூன்று பெண்கள். அதே வழியில் 2017-இல் நாசா பெண்கள் செட் வந்தது, 231 துண்டு. அதில் மென்பொருள் பொறியாளர் மார்கரெட் ஹாமில்டன், நிலவுக்குப் போன அப்பல்லோ கலத்துக்கான தன் நிரல் புத்தகக் குவியலுக்குப் பக்கத்தில் நிற்பார். இரண்டும் இப்போது தயாரிப்பில் இல்லை.

மதுரை 625: லெகோ கட்டினால் பெண் பிள்ளைக்குக் கணக்கு நன்றாக வருமா?

'வரும்' என்று சொல்லி விற்பவரை நம்பாதீர்கள். பொருளை மனதுக்குள் திருப்பிப் பார்க்கும் திறன் பயிற்சியால் வளரும் என்று 217 ஆய்வுகளைத் தொகுத்து 2013-இல் ஒரு பெரிய அலசல் வந்தது. அடிக்கடி கட்டை விளையாடும் பிள்ளைகளுக்கு அந்தத் திறன் கூடுதலாக இருப்பதாகவும் ஆய்வு உண்டு. ஆனால் விளையாட்டால் திறன் வந்ததா, திறன் இருப்பதால் விளையாடுகிறார்களா என்பது அதிலிருந்து தெரியாது. கட்டட்டும், சந்தோஷமாக இருக்கும்.

பையனின் அம்மா: என் மகனுக்கு 8 வயது, ஃப்ரெண்ட்ஸ் கஃபே செட் கேட்கிறான். மாமியார் சிரிக்கிறார். வாங்கவா?

இந்தக் கேள்வியைத்தான் இன்று முழுக்க எதிர்பார்த்தேன், ஒருவராவது கேட்டீர்களே. வாங்குங்கள்.

2021-இல் லெகோ ஏழு நாடுகளில் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. மற்ற பாலினத்துக்கான பொம்மையோடு விளையாடினால் கேலி செய்வார்களோ என்று பயந்தவர்கள் பையன்களில் 71 சதவீதம், பெண்களில் 42. லாரி ஓட்டும் பெண்ணைப் பார்த்துக் கைதட்டுகிறோம், கஃபே கட்டும் பையனைப் பார்த்துச் சிரிக்கிறோம். எங்கள் ஹாலில் ஒரு பையன், யாராவது உள்ளே வந்தால் குதிரை லாயத்தை ஒரு டம்ப் லாரிக்குப் பின்னால் தள்ளிவிடுவான். நான் பார்க்காததுபோல் இருந்துவிடுவேன். 2023-இல் ஃப்ரெண்ட்ஸிலேயே புதிய நண்பர்கள் வந்துவிட்டார்கள், லியோ, ஸாக், ஒல்லி என்று பையன்களும் உண்டு. மாமியாரிடம் அந்தப் பெட்டியைக் காட்டுங்கள்.

புது அப்பா: 4 வயது மகள், எந்த செட்?

மேலே போங்கள். இன்னும் மேலே.

சிக்கனம்: டூப்ளிகேட் கட்டை வாங்கலாமா?

தலைப்புக்கு வெளியே.

ஃப்ரீமாண்ட் தாத்தா: இங்கே கலிபோர்னியாவில் சட்டமே வந்துவிட்டதாமே?

ஆமாம் ஐயா. 500 அல்லது அதற்கு மேல் ஊழியர்கள் உள்ள பெரிய கடைகள், ஆண், பெண் பேதமில்லாத ஒரு பொம்மைப் பகுதி வைக்க வேண்டும், 2024 ஜனவரி முதல். தனிப் பகுதிகளை எடுக்கச் சொல்லவில்லை, பொதுப் பகுதி ஒன்றும் வேண்டும் என்பதே சட்டம். பேத்தியோடு போய் எந்தப் பக்கம் ஓடுகிறாள் என்று பார்த்துச் சொல்லுங்கள்.

சேலத்து அப்பா: இரண்டுமே வாங்கிவிட்டேன் மேடம். பிரிப்பான் கிடைக்கவில்லை, கடித்துவிட்டாள். கட்டையில் பல் தழும்பு. போகுமா?

போகாது.