ஆல்ஃபாவுக்கும் மூன்று ஓட்டு வேண்டும்

கட்டற்ற மென்பொருள்: வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஆல்ஃபா, பீட்டா போன்ற சோதனை வெளியீடுகளைப் பற்றியவை. பல கட்டற்ற மென்பொருள் திட்டங்களுக்குத் தாயகமான அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளையின் நடைமுறையை மையமாக வைத்தே பதில் சொல்லியிருக்கிறோம். கேள்விகள் அங்கிருந்துதான் அதிகம் வந்தன. அங்கே விதிகளும் எழுத்தில் தெளிவாக இருக்கின்றன.

கேள்வி: நாங்கள் பங்களிக்கும் அப்பாச்சி திட்டத்தில் 2.0 பதிப்பின் முதல் ஆல்ஃபாவைச் சட்டென்று வெளியிட நினைத்தோம். அதற்கும் 72 மணி நேர வாக்கெடுப்பு வேண்டும் என்கிறார்கள். ஆல்ஃபா என்றாலே அரைவேக்காடு என்று எல்லோருக்கும் தெரியுமே, எதற்கு இந்தக் கெடுபிடி?

ஆல்ஃபா, பீட்டா என்பதெல்லாம் பயனருக்காக ஒட்டும் சீட்டு. மென்பொருள் எவ்வளவு முதிர்ந்திருக்கிறது என்பதைத்தான் அது சொல்லும். அறக்கட்டளையின் கணக்கில் திட்டத்துக்கு வெளியே உள்ள பொதுமக்களுக்குக் கொடுப்பது எதுவானாலும் வெளியீடுதான்.

வாக்கெடுப்பு எதை உறுதி செய்கிறது என்று பார்த்தால் காரணம் புரிந்துவிடும். ‘பிழையே இல்லை’ என்று அது சொல்வதில்லை. இதில் இருப்பது நாம் வழங்க உரிமையுள்ள நிரல், உரிமக் கோப்புகள் சரியாக இருக்கின்றன, இந்தப் பொதியிலிருந்தே மென்பொருளை பில்ட் செய்ய (மூலநிரலை இயங்கும் மென்பொருளாக்க) முடிகிறது, நடுவில் யாரும் கைவைக்கவில்லை: இந்த நான்கைத்தான் சொல்கிறது. இவற்றில் எதிலும் ஆல்ஃபாவுக்குச் சலுகை கொடுக்க வழியில்லை. பிழை இருந்தால் பீட்டாவில் திருத்திக்கொள்ளலாம். உரிமையில்லாத நிரல் ஒருமுறை வெளியே போய்விட்டால், எத்தனை பேர் இறக்கி வைத்திருக்கிறார்கள் என்பதுகூடத் தெரியாது.

தன்னார்வலரின் பாதுகாப்பும் இதில் இருக்கிறது. முறைப்படி வாக்கெடுத்து வந்த வெளியீடு அறக்கட்டளையின் செயல். ஒருவர் தன்னிச்சையாக ஏற்றிவிட்டால், சிக்கல் வரும்போது அவர் தனியாக நிற்க நேரும். அந்த ஒன்றுக்காகவே மூன்று நாள் காத்திருக்கலாம் என்பது எங்கள் எண்ணம்.

உலகின் எல்லா மூலையிலும் இருப்பவர்கள், பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள், ஆற அமரப் பார்க்கத்தான் 72 மணி நேரம். விதி அதைக் ‘குறைந்தபட்சம் இவ்வளவு இருப்பது நல்லது’ என்ற அளவில்தான் வைத்திருக்கிறது. அவசரப் பாதுகாப்புத் திருத்தத்துக்குக் காரணம் சொல்லிச் சுருக்கலாம். ஆல்ஃபாவில் அப்படி என்ன அவசரம் வந்துவிடப் போகிறது?

கேள்வி: +1 (ஆதரவு வாக்கு) போடுவதற்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்? பலர் ‘நன்றாக இருக்கிறது, +1’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்களே?

அந்த ஒரு வரி போதாது. திட்ட நிர்வாகக் குழு உறுப்பினரின் வாக்குதான் எண்ணிக்கையில் சேரும். அப்படி வாக்களிப்பவர் மூலநிரல் பொதியைத் தம் கணினியில் இறக்கி, கையொப்பத்தைச் சரிபார்த்து, பில்ட் செய்து, ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும் என்பது விதி. சிஐ-யில் (நிரலைத் தானாகச் சோதிக்கும் அமைப்பில்) பச்சை எரிகிறதே என்பது பதிலாகாது. சிஐ சோதித்தது கிட் களஞ்சியத்தை, அதாவது நிரலும் அதன் மாற்றங்களும் சேமிக்கப்படும் இடத்தை. வாக்கு கேட்பது டார் பொதிக்கு, அதாவது வெளியிடவுள்ள தொகுப்புக் கோப்புக்கு. இரண்டும் ஒன்றாக இல்லாமல் போவது நடக்கிற காரியம்தான்.

மூன்று கோப்புகளை இறக்குங்கள்: பொதி, அதன் ஏஎஸ்சி கையொப்பம், எஸ்எச்ஏ512 செக்சம் (கோப்பு மாறவில்லை என்று சரிபார்க்கும் குறியீடு). முதலில் செக்சம் பொருந்துகிறதா என்று பாருங்கள். அடுத்து, கையொப்பமிடுவோரின் பொதுச் சாவிகள் உள்ள திட்டத்தின் ‘கீஸ்’ கோப்பை அதிகாரபூர்வ இறக்கப் பகுதியிலிருந்து எடுத்து, கையொப்பம் சரிபார்க்கும் கருவியான ஜிபிஜி-யில் சேர்த்துக்கொண்டு, கையொப்பத்தைச் சோதியுங்கள். ‘குட் சிக்னேச்சர்’ என்று வரும். கூடவே, இந்தச் சாவி நம்பகமான கையொப்பத்தால் சான்றளிக்கப்படவில்லை என்று ஓர் எச்சரிக்கையும் வரும். புதியவர்கள் இங்கேதான் பதறுகிறார்கள். அந்தச் சாவி இன்னாருடையது என்று நீங்கள் நேரடியாக உறுதி செய்யவில்லை என்பது மட்டுமே அதன் பொருள். பொதியில் கோளாறு என்று பொருளல்ல. ‘பேட் சிக்னேச்சர்’ என்று வந்தால் மட்டும் அங்கேயே நிறுத்துங்கள். பெரும்பாலும் ரிலீஸ் மேனேஜர் (வெளியீட்டை நடத்துபவர்) பொதியை மறுபடி கட்டியிருப்பார், பழைய ஏஎஸ்சி கோப்பை மாற்ற மறந்திருப்பார். காரணம் அற்பமாக இருந்தாலும் அந்தப் பொதிக்கு +1 போடக் கூடாது.

பிறகு பொதியை விரித்து, கிட் டேக்கோடு (களஞ்சியத்தில் அந்தப் பதிப்புக்கு இட்ட அடையாளத்தோடு) டிஃப் போட்டு, வேறுபாடுகளைப் பாருங்கள். எடிட்டரின் அமைப்புக் கோப்புறை, பாதி பில்ட்டின் மிச்சம், மேக் கணினி விட்டுச் சென்ற மறைகோப்பு எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். அடிக்கடி மாட்டுவது கிரேடில் என்னும் பில்ட் கருவியை வரவழைக்கும் ‘ராப்பர்’ ஜார் கோப்பு. களஞ்சியத்தில் வெகுநாளாக இருப்பதால் யாருக்கும் உறுத்தாது. ஆனால் அது தொகுக்கப்பட்ட நிரல், மூலநிரல் பொதியில் இருக்கக் கூடாது. பொதி கட்டும்போது அதை விலக்கிவிட்டு, பயனர் அதை எப்படி வரவழைத்துக்கொள்வது என்று ரீட்மி-யில் எழுதிவிட வேண்டும்.

உரிமக் கோப்பும், பதிப்புரிமை அறிவிப்புகள் அடங்கிய நோட்டீஸ் கோப்பும் பொதியின் முதல் அடுக்கிலேயே இருக்க வேண்டும். நிரல் கோப்புகளின் தலைப்பில் உரிம வாசகம் விடுபட்டிருந்தால் அப்பாச்சி ராட் கருவி காட்டிக்கொடுக்கும். ராட் சொன்னதை மட்டும் நம்பிவிடாதீர்கள், ராட் பார்க்காமல் விடும் கோப்புகளின் விலக்குப் பட்டியலையும் திறந்து பாருங்கள். தொந்தரவாக இருக்கிறது என்று ஒரு கோப்புறை முழுவதையும் விலக்கில் போட்டு வைத்திருப்பார்கள். வேறு திட்டத்திலிருந்து எடுத்துவந்த நிரல் அதற்குள்தான் உட்கார்ந்திருக்கும். ஜிபிஎல் உரிமமுள்ள நிரலை அப்பாச்சி வெளியீட்டில் சேர்க்க முடியாது.

கடைசியாக பில்ட். ஜாவா திட்டமென்றால், மேவன் என்னும் பில்ட் கருவியின் உள்ளூர்க் கிடங்கைக் காலி செய்துவிட்டு பில்ட் செய்யுங்கள். ஸ்னாப்ஷாட் பதிப்பை (இன்னும் வெளியிடப்படாத இடைக்காலப் பதிப்பை) சார்ந்த ஒரு வரி பில்ட் கோப்பில் தங்கிவிட்டால், அந்த ஸ்னாப்ஷாட் ஏற்கெனவே கிடங்கில் இருக்கும் கணினியில் எல்லாம் ஒழுங்காகவே ஓடும். புதிதாக இறக்குபவரிடம்தான் உடையும்.

இத்தனையும் செய்தபின் +1 போடும்போது எந்த இயங்குதளம், எந்த ஜாவா பதிப்பு, எதைச் சோதித்தீர்கள், எதைச் சோதிக்கவில்லை என்று நான்கு வரி எழுதுங்கள். அடுத்து வாக்களிப்பவர் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்.

கேள்வி: ஒருவர் -1 (எதிர்ப்பு வாக்கு) போட்டுவிட்டால் வெளியீடு நின்றுவிடுமா?

நிற்காது. நிரல் மாற்றத்துக்குத்தான் தகுந்த காரணத்தோடு வீட்டோ (ஒருவரே தடுத்துவிடும் உரிமை) உண்டு. வெளியீட்டுக்கு வீட்டோ கிடையாது. நிர்வாகக் குழுவினரின் +1 குறைந்தது மூன்று, அவை -1களைவிட அதிகம், இவ்வளவுதான் கணக்கு. ஆனால் எண்ணிக்கையைக் காட்டி -1ஐ ஒதுக்கிவிடுவது நல்ல வழக்கமல்ல. நோட்டீஸில் ஆண்டு பழையதாக இருந்தால் அடுத்த பதிப்பில் திருத்தலாம். உரிமம் தெரியாத நிரல் உள்ளே இருக்கிறது என்றால், ஐந்து +1 இருந்தாலும் ரிலீஸ் மேனேஜர் வாக்கெடுப்பைத் திரும்பப் பெறுவதுதான் முறை.

திரும்பப் பெற்றால் ஆர்சி2 (வெளியீட்டுக்கான இரண்டாவது வேட்பாளர்) என்று புது டேக், புதுப் பொதி, மறுபடி 72 மணி நேரம். பழைய +1கள் புதுப் பொதிக்குச் செல்லாது. அதே இடத்தில் கோப்பை மட்டும் சத்தமில்லாமல் மாற்றி வைப்பது பெரிய தவறு. யார் எந்தக் கோப்புக்கு வாக்களித்தார் என்பதே பிறகு தெரியாமல் போய்விடும்.

கேள்வி: ‘2.0.0-ஆல்ஃபா1-ஆர்சி2’ என்று ஒரு டேக் பார்த்தேன். ஆல்ஃபாவா, ஆர்சி-யா?

இரண்டும்தான். ஆல்ஃபா1 என்பது வெளியீட்டின் பெயர். ஆர்சி2 என்பது அந்த ஆல்ஃபாவுக்காக வாக்கெடுப்புக்கு வந்த இரண்டாவது பொதி. இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. ‘ஆர்சி2’ என்பது டேக்கிலும் கோப்புறைப் பெயரிலும் மட்டும் இருக்கலாம், பொதிக்குள் இருக்கும் பதிப்பு எண்ணில் வரக் கூடாது. வந்தால் வாக்கெடுப்பு முடிந்ததும் எண்ணை மாற்றிப் பொதியை மறுபடி கட்ட வேண்டியிருக்கும். அது யாரும் வாக்களிக்காத பொதி! வாக்கு வாங்கிய அதே கோப்பு, ஒரு பைட்டும் மாறாமல், இறக்கப் பகுதிக்கு நகர வேண்டும்.

பெயர் வைப்பதில் இன்னும் சில சறுக்கல்கள். ஜாவாஸ்கிரிப்ட் பொதிகளை நிர்வகிக்கும் என்பிஎம் பின்பற்றும் செம்வர் என்னும் பதிப்பெண் முறையில் ‘ஆல்ஃபா10’ என்பது ‘ஆல்ஃபா2’-க்கு முந்தியதாகக் கணக்காகும், எழுத்துகளாக ஒப்பிடுவதால். ‘ஆல்ஃபா.10’ என்று புள்ளி வைத்தால் எண்ணாக ஒப்பிடும். டெபியன் லினக்ஸ் பொதிக்கு ‘2.0-ஆல்ஃபா1’ என்று பெயர் வைத்தால் பின்னால் வரும் ‘2.0-1’-ஐவிட அது மேலே நிற்கும். ஆல்ஃபா நிறுவியவருக்கு நிலையான பதிப்பு போய்ச் சேராது. டில்டே குறி போட்டு ‘2.0~ஆல்ஃபா1-1’ என்று எழுதினால் சரியாகிவிடும். பைத்தானில் இந்தக் கவலை குறைவு: நிலையான பதிப்பு ஒன்று இருக்கும்வரை, அதன் நிறுவு கருவியான பிப், நாம் கேட்காமல் முன்வெளியீட்டை நிறுவாது.

கேள்வி: நைட்லி பில்ட் இணைப்பை இறக்கப் பக்கத்தில் போடலாமா?

கூடாது. ஒவ்வோர் இரவும் தானாக உருவாகும் அந்த பில்ட், திட்டத்தில் வேலை செய்பவர்களுக்கு மட்டும். பொதுப் பயனர் முயன்று பார்க்க வேண்டுமென்றால் ஆல்ஃபா வெளியிடுங்கள்.

கேள்வி: எல்லாத் திட்டங்களிலும் இப்படி வாக்கெடுப்புதானா?

இல்லை. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் வாக்கே கிடையாது. இரண்டு வாரம் புதிய நிரலை ஏற்பார்கள். அது முடிந்ததும் அதை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் ஆர்சி1 டேக் போடுவார். பிறகு திருத்தங்கள் மட்டுமே. வாரத்துக்கு ஒரு ஆர்சி என்று பெரும்பாலும் ஆர்சி7 வரை போகும், தேவைப்பட்டால் ஆர்சி8. நிலைமை போதுமா என்று முடிவு செய்பவர் அவர்தான்.

ஃபெடோரா என்னும் லினக்ஸ் இயங்குதளம் நேர்மாறு. பீட்டாவில் எதெல்லாம் வேலை செய்தாக வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைத்த நிபந்தனைகள் உண்டு. அவற்றை மீறும் பிழையைத் ‘தடுப்புப் பிழை’ என்று யார் வேண்டுமானாலும் முன்மொழியலாம். ஏற்பதா வேண்டாமா என்று கூடிப் பேசி முடிவெடுப்பார்கள். பிறகு ‘கோ / நோ-கோ’ கூட்டத்தில் தரச் சோதனை, வெளியீட்டுப் பொறியியல், பொறியியல் வழிகாட்டுக் குழு மூன்றும் சம்மதிக்க வேண்டும். ஏற்கப்பட்ட தடுப்புப் பிழை ஒன்று தீராமல் இருந்தாலும் பொதுவாக ‘நோ-கோ’தான், வெளியீடு ஒரு வாரம் தள்ளிப்போகும். உங்கள் மடிக்கணினியில் ஃபெடோராவை நிறுவும் கருவியே உடைகிறது என்றால், கூட்டத்துக்கு முந்தைய நாள்வரை காத்திராமல் பீட்டா உறைநிலை (மாற்றங்களைக் கட்டுப்படுத்தும் கட்டம்) தொடங்கியதுமே, எந்த நிபந்தனை மீறப்படுகிறது என்று சுட்டி முன்மொழிந்துவிடுங்கள்.